இரண்டாம் மாடிக்குப் போய் நின்று பாருங்கள்: சிறுகடைக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் 31 வருடம் பலசரக்குக் கடை நடத்தினேன். இப்போது மகன் பார்க்கிறான். நான் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டு, அவனுக்குப் பிடிக்காத நேரத்தில் ஆலோசனை சொல்கிறேன். கடை வைத்திருப்பவர் தன் தெருவோடும் அயலாரோடும் எப்படி நடந்துகொள்வது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பெயர்களை எடுத்துவிட்டு, இடத்தையும் தொழிலையும் மட்டும் போட்டுப் பதில் எழுதுகிறேன். நான் சட்டத்தரணி இல்லை, கடைக்காரன்.

வெள்ளவத்தை, சாப்பாட்டுக் கடை: ஐயா, காலி வீதியில் இருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் எங்கள் கடை. மாதாமாதம் கோயில் அன்னதானத்துக்கு அரிசி கொடுக்கிறோம். அப்படியிருந்தும் பக்கத்துத் தொடர்மாடிக்காரர் புகை, நாற்றம் என்று மாநகர சபைக்கு மனுப் போட்டிருக்கிறார்கள். இன்னும் என்னதான் செய்வது?

அரிசி கோயிலுக்குப் போகிறது தம்பி, புகை தொடர்மாடிக்குப் போகிறது. ஒன்றில் வரவு வைத்து மற்றதில் கழிக்க முடியாது.

மாலை 7 மணிக்கு, கல் நன்றாகச் சூடேறியிருக்கும் நேரம் பார்த்து, கடையை யாரிடமாவது விட்டுவிட்டு அந்தத் தொடர்மாடியின் இரண்டாம் மாடிக்குப் போங்கள். மனுப் போட்டவர் வீட்டுக் கதவைத் தட்டி, பல்கனியில் 10 நிமிடம் நிற்கலாமா என்று கேளுங்கள். முகம் கொடுக்க மாட்டார்கள் என்று பயப்பட வேண்டாம், அநேகமாக விடுவார்கள். உங்கள் புகைக்குழாயின் வாய் அவர்கள் உடுப்புக் காயப்போடும் கொடிக்கு நேரே இருப்பது அங்கே நின்றால்தான் தெரியும். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் வெங்காய வாசத்தோடு பிள்ளை போகிறது என்றால் எந்தத் தாய்தான் சும்மா இருப்பாள்? குழாயைக் கூரைக்கு மேலே உயர்த்துங்கள். காற்றை இழுக்கும் விசிறியின் ஃபில்டரை வாரம் ஒரு தடவை கழற்றிச் சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள்.

அடுத்தது கழிவுநீர்க் கான். எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரத் தண்ணீர் சூடாக இருக்கும்போது சுகமாக ஓடிவிடும். போன இடத்தில் ஆறி, மெழுகு மாதிரி கான் சுவரில் பிடிக்கும். அதில் சோற்றுப் பருக்கையும் மிளகாய்க் காம்பும் ஒட்டி இறுகும். ஒக்டோபர் மழை தொடங்கினால் அது பொங்குவது உங்கள் கடைக்கு முன்னால் இல்லை, பள்ளத்தில் உள்ள வீட்டு வாசலில். கழுவுதொட்டிக்குக் கீழே கிரீஸ் ட்ராப் ஒன்று வையுங்கள். எண்ணெய் மேலே மிதந்து நிற்க, தண்ணீர் அடிக்குழாயால் வெளியேறும், அவ்வளவுதான் அதன் தொழில்நுட்பம். மிதப்பதை அள்ளாமல் விட்டால் அது இருந்தும் இல்லாததுதான். எந்த நாளில் யார் அள்ளுவது என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

நானும் இந்தத் தப்பைச் செய்தவன். தேங்காய் எண்ணெய்ப் பீப்பா கழுவிய தண்ணீரை வருடக்கணக்காகக் கானில் ஊற்றினேன். ஒரு மழை நாளில் நாலு வீடு தள்ளியிருந்த ஆச்சியின் அறைக்குள் அது புகுந்துவிட்டது. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்து, வழக்கம்போல கால் கிலோ சீனி வாங்கினார். கணுக்காலில் எண்ணெய் மினுங்கிக்கொண்டிருந்தது.

பொரளை, பேக்கரி: அண்ணே, வெசாக் தன்சலுக்கு, அதாவது இலவசச் சாப்பாட்டுப் பந்தலுக்கு, ஒரு கூட்டம், ஆடிவேலுக்கு ஒரு கூட்டம், நோன்புக் கஞ்சிக்கு, ஜூனில் அந்தோனியார் திருநாளுக்கு என்று வருடம் முழுக்க ரசீதுப் புத்தகத்தோடு வருகிறார்கள். மறுக்கவும் பயம், கொடுக்கவும் முடியவில்லை.

கொழும்பில் கடை வைத்த எல்லாருக்கும் உள்ள தலையிடி இது. என் வழி இதுதான்: ஒரு நல்ல கிழமையின் லாபத்தை ஜனவரியிலேயே தனியாக எடுத்துவைப்பேன். எந்த விழாவுக்கு எவ்வளவு என்று கொப்பியில் எழுதி லாச்சிக்குள் போட்டுவிடுவேன். கேட்டு வருபவரிடம் கொப்பியைத் திறந்தே காட்டுவேன். பன்சலைக்கும் பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் ஒரே தொகை என்று கண்ணால் பார்த்தவர் பிறகு வாதாடுவதில்லை. நம் கோயிலுக்கு ரகசியமாகக் கூடக் கொடுக்க ஆசை வந்தால் வீட்டுக் காசில் கொடுங்கள், கடைக் காசில் வேண்டாம்.

நீங்கள் பேக்கரிக்காரர், காசு ஏன் கொடுக்கிறீர்கள்? பணிஸ் கொடுங்கள். ஆனால் அன்று காலையில் சுட்டதாக இருக்க வேண்டும். முந்தின நாள் மிஞ்சியதைத் தன்சலுக்குத் தள்ளிவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அந்தப் புண்ணியம் வேண்டாம். தன்சல் போடும் பொடியன்களிடம், பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் பதிந்தாயிற்றா என்று கேளுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து தண்ணீரையும் சமைக்கும் இடத்தையும் பார்த்தபின் போடுகிற தன்சல் என்றால் உங்களுக்கும் நிம்மதி.

ஆடிவேல் தேர் செட்டியார் தெருவில் இருந்து பம்பலப்பிட்டி வரும்போது தண்ணீர்ப்பந்தல் போடுவது நல்ல காரியம். கடைப் பெயர் அச்சடித்த கப்பில் சர்பத் ஊற்றிக் கொடுத்துவிட்டு, தேர் நகர்ந்ததும் கதிரையை மடக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். மறுநாள் காலி வீதிக் கானில் உங்கள் பெயர்தான் மிதக்கும். பொறுக்குவதற்கு இரண்டு பேரை அப்போதே சொல்லி வையுங்கள்.

கட்சிக்காரர் கேட்டால் எந்தக் கட்சிக்கும் இல்லை. கொடுக்காவிட்டால் கண்ணாடி உடையும் என்று ஜாடையாகச் சொல்பவன் நன்கொடை கேட்கவில்லை. அது பொலிஸுக்குப் போக வேண்டிய விஷயம்.

மட்டக்குளி, குரோசரி: அங்கிள், 2022 இல் கடனுக்குக் கொடுத்ததில் 14 குடும்பம் இன்னும் பாக்கி. பெயர்களை எழுதிக் கதவில் ஒட்டினால் வெட்கத்திலாவது கட்டுவார்கள் என்று அப்பா சொல்கிறார். ஒட்டலாமா?

ஒட்ட வேண்டாம் மகன். அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அந்த வருடத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை, காஸ் சிலிண்டரைக் கயிற்றால் கட்டி வரிசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் படுத்தார்கள், பால்மா இருக்கிற கடையைத் தேடிச் சனம் தெருத்தெருவாக அலைந்தது. அந்த நேரம் உங்கள் கடையில் பால்மா கடன் வாங்கியவர் ஏமாற்ற வந்தவர் இல்லை. இப்போது கட்டாமல் இருப்பவரில் சிலர் ஏமாற்றுகிறார்கள், அதையும் மறுக்கவில்லை. ஆனால் கதவில் ஒட்டும் காகிதத்துக்கு இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியாது.

இப்படிச் செய்யுங்கள். பழைய கணக்கைத் தனிப் பக்கத்துக்கு மாற்றி, அடியில் கோடு போட்டு மூடுங்கள். ஆட்கள் இல்லாத நேரமாகப் பார்த்து வீட்டுக்குப் போய், கிழமைக்கு 500 ரூபாய் முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் 200. ஒவ்வொரு தடவையும் அவர்கள் கண்முன்னே எழுதி, அவர்களிடமும் ஒரு துண்டு கொடுங்கள். புதுக் கடனுக்கு உச்சவரம்பு வையுங்கள், அதைச் சொந்தக்காரருக்கும் சேர்த்து வையுங்கள்.

கடைக்கு அனுப்பப்பட்ட பிள்ளையிடம், நாலு பேர் நிற்கும்போது, 'அம்மாவிடம் பாக்கியைக் கேட்டேன் என்று சொல்லு' என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளை அடுத்த நாளில் இருந்து உங்கள் கடையைச் சுற்றிக்கொண்டு வேறு ஒழுங்கையால் பள்ளிக்கூடம் போகும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கடனுக்கு அடையாள அட்டையையோ வங்கி அட்டையையோ வாங்கி லாச்சியில் வைக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அடையாள அட்டை கையில் இல்லாமல் கொழும்பில் இரவில் மறிக்கப்படுவது எப்படி இருக்கும் என்று எங்கள் வயதுத் தமிழனுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

பம்பலப்பிட்டி, போன் கடை: ஜனவரியில் 50 பிள்ளைகளுக்கு அப்பியாசக் கொப்பி கொடுக்கப்போகிறோம். படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடுவது தவறா?

கொப்பி கட்டுகளைப் படம் எடுத்துப் போடுங்கள், போதும். கையை நீட்டி நிற்கும் பிள்ளையின் முகம் பத்து வருடம் கழித்தும் அங்கேயே கிடக்கும், அப்போது அந்தப் பிள்ளை உங்களிடமே வேலை கேட்டு வரலாம். இன்னொன்று, கொடுக்கும் முன் பள்ளிக்கூடத்தில் என்ன வேண்டும் என்று கேட்டீர்களா? போன வருடம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மூன்று கடைகள் கொப்பி கொடுத்தன. அங்கே பிள்ளைகளுக்குக் குறைவாக இருந்தது சப்பாத்து.

புறக்கோட்டை, துணிக்கடை: ஹட்டன் பக்கம் தெரிந்தவரின் மகன், 15 வயது. படிப்பை விட்டுவிட்டான். சாப்பாடும் தங்க இடமும் கொடுத்துக் கடையில் வைத்துக்கொண்டால் அந்தக் குடும்பத்துக்கு உதவிதானே?

உதவி இல்லை. சட்டப்படியும் முடியாது. 2021 இல் இருந்து வேலைக்குச் சேர்க்கக்கூடிய குறைந்த வயது 16. கட்டாயக் கல்வியும் 16 வயது வரைதான். அவனை வகுப்புக்குத் திரும்ப அனுப்ப என்ன செலவு என்று தகப்பனிடம் கேளுங்கள். பஸ் காசும் ஒரு சோடி சப்பாத்தும் என்றால், துணிக்கடைக்காரருக்கு அது ஒரு சேலையின் லாபம்.

இனி ஏற்கெனவே கடையில் நிற்கும் பெரிய பொடியன்களைப் பற்றி. தெரு, அயல் என்று பேசும்போது நாம் மறந்துவிடுகிற ஆட்கள் இவர்கள்தான். மலையகத்தில் இருந்து வந்து, கடை மூடியதும் மேல்மாடியில் துணிக் கட்டுகளுக்கு நடுவில் படுத்து, காலையில் நாம் வருவதற்கு முன் கூட்டிப் பெருக்கி வைப்பவர்கள். இரவில் வெளியே பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியை வீட்டுக்குக் கொண்டுபோகும் முதலாளிமார் இன்றைக்கும் இருக்கிறார்கள். தீப்பிடித்தால்? உள்ளே இருந்து திறக்கக்கூடிய பூட்டாக இன்றைக்கே மாற்றுங்கள், மிச்சத்தைப் பிறகு வாசியுங்கள்.

ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) சம்பளத்தில் முதலாளியின் பங்கு 12 சதவீதம், தொழிலாளியின் பங்கு 8. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு (ஈ.டி.எஃப்.) முதலாளி 3 சதவீதம் தனியாகக் கட்ட வேண்டும், அதைச் சம்பளத்தில் வெட்டக்கூடாது. கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வேலை நேரம் கிழமைக்கு 45 மணித்தியாலம், அதற்கு மேல் நின்றால் மேலதிகக் கொடுப்பனவு. 'சாப்பாடு போடுகிறேனே' என்பது இதற்கெல்லாம் பதில் ஆகாது. தீபாவளி வியாபாரம் முடியும் இரவில்தான் லீவு கிடைக்கிறது, ஊருக்குப் பஸ்ஸில் நிற்கவும் இடம் இருக்காது. முன்கூட்டியே ஆசனம் பதிந்து கொடுத்துப் பாருங்கள்.

மருதானை, ஹார்ட்வெயார்: வாப்பா காலத்துக் கடை எங்களது. முன்னால் நடைபாதையில் ஒருவர் பழம் விற்கிறார். பொலிஸில் சொன்னால் ஒரு நாளில் எடுத்துவிடுவார்கள். சொல்லட்டா, விடட்டா?

நடைபாதை நடப்பவருடையது நானா, உங்களுடையதும் இல்லை, அவருடையதும் இல்லை. அவரைக் குறை சொல்லும் முன் உங்கள் பி.வி.சி. குழாய் எவ்வளவு தூரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். பிறகு அவரிடம் நேரே பேசி, ஒரு தள்ளுவண்டியும் ஒரு வயதான ஆளும் ஒருங்கே போகும் அளவுக்கு இடம் விடச் சொல்லுங்கள். நீங்களும் குழாயை உள்ளே எடுங்கள். காசு வாங்கிக்கொண்டு அந்த இடத்தை அவருக்கு வாடகைக்கு விடுகிற வேலை மட்டும் வேண்டாம்.

தெமட்டகொட, சலூன்: திறப்பு விழாவுக்கு ஸ்பீக்கர் கட்டலாமா?

இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007 இலேயே சொல்லியாயிற்று. பகலிலும் பக்கத்தில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால் கட்டாதீர்கள் மகள். திறப்பு விழா என்றதால் இன்னொன்றும் கேட்கிறேன், பெயர்ப்பலகையில் சிங்களம் இருக்கிறதா? இல்லாவிட்டால் எழுதுங்கள், பெயின்ட் பூசும் முன் ஒரு சிங்களத் தோழியை வாசிக்கச் சொல்லுங்கள். தமிழைப் பிழையாக எழுதிய அரச பலகைகளைப் பார்த்து நாம் எவ்வளவு சிரிக்கிறோம்! 83 கலவரத்தில் நான் வேலைக்கு நின்ற கடை எரிந்தபோது எங்களை மூன்று நாள் வீட்டுக்குள் வைத்துச் சோறு போட்டவர் எதிர்வீட்டுச் சிங்கள அம்மா. முதலாளி அவருக்குப் பெரிதாக எதுவும் கொடுத்ததில்லை. நிறுவை சரியாக இருந்தது, சிங்களத்தில் சுகம் விசாரிப்பார்.

கிராண்ட்பாஸ், பலசரக்கு: பொலித்தீன் பைக்குக் காசு வாங்கினால் சனம் ஏசுகிறது.

ஏசட்டும். 2025 நவம்பர் 1 முதல் பிடி வைத்த பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்கக்கூடாது, விலையைப் பில்லில் காட்ட வேண்டும் என்பது சட்டம். பழைய மா மூட்டையில் தைத்த பை பத்துப் பதினைந்தைக் கொளுவி வையுங்கள், திருப்பிக் கொண்டுவருபவருக்கு இரவல். கடைக் குப்பையையும் உக்குவது, உக்காதது என்று பிரித்தே வெளியே வையுங்கள். 2017 இல், சித்திரை வருடப்பிறப்பு அன்று, மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து 30 பேருக்கு மேல் செத்தார்களே, அந்த மேட்டில் என் கடைச் சாக்கும் இருந்திருக்கும்.

வெள்ளவத்தை, சாப்பாட்டுக் கடை, மறுபடியும்: ஐயா, இரண்டாம் மாடிக்குப் போனேன். அந்த அன்ரி தேத்தண்ணீர் ஊற்றித் தந்துவிட்டு, ஜன்னல் திரைச்சீலையைக் கையில் எடுத்து மணந்து பார்க்கச் சொன்னார். சாம்பார் மணக்கிறது. புகைக்குழாய் உயர்த்த ஆள் வர இரண்டு கிழமை ஆகுமாம். அதுவரை என்ன சொல்வது?

திரைச்சீலையைக் கேட்டு வாங்கி லோண்டரிக்குக் கொடுங்கள் தம்பி. ஆள் வரும் திகதியை ஒரு துண்டில் எழுதி அவர் கையில் கொடுங்கள், உங்கள் போன் நம்பரோடு. அன்றைக்கு அவன் வராவிட்டால், அவர் எடுக்கும் முன் நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.