கறுப்பு வண்டி, வெள்ளைக் கதவு

கலிஃபோர்னியாவுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 880 ஃப்ரீவேயில் சாம்பல் நிற எஸ்யூவி ஒன்று சிவப்பு விளக்கைப் போட்டு, முன்னால் போன காரை ஓரங்கட்டியதாம். போலீஸ் வண்டி கறுப்பு வெள்ளையில்தானே இருக்க வேண்டும், நமக்கு இப்படி நேர்ந்தால் நிற்கலாமா என்பது உங்கள் கேள்வி.

நில்லுங்கள் தம்பி. மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

நீங்கள் நினைத்தது பாதி சரி. இந்த மாநில வாகனச் சட்டத்தில் 40800 என்று ஒரு பிரிவு உண்டு. சாலை விதி மீறுபவர்களைப் பிடிப்பதையே முழு வேலையாகவோ முக்கிய வேலையாகவோ வைத்து ரோந்து வரும் அதிகாரி, முழுச் சீருடையில் இருக்க வேண்டும். வண்டிக்கும் தனித்துத் தெரியும் நிறம் பூசியிருக்க வேண்டும். எந்த நிறம் என்று சொல்வது சிஎச்பி என்கிற கலிஃபோர்னியா ஹைவே பாட்ரோலின், அதாவது மாநில நெடுஞ்சாலைப் போலீஸின், கமிஷனர். ஊர் போலீஸும் அவர் போட்ட கோட்டுக்குள்தான் நிற்க வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்தப் பிரிவு இருக்கும் இடம். 'ஸ்பீட் டிராப்' எனப்படும் வேகப் பொறிகளைத் தடை செய்யும் பிரிவுகளோடு சேர்த்து அதை வைத்திருக்கிறார்கள். மறைந்திருந்து பிடிக்காதே, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நில், உன்னைப் பார்த்தே ஜனங்கள் வேகத்தைக் குறைக்கட்டும் என்பதுதான் உள்ளர்த்தம். வெறும் புத்திமதியும் இல்லை. நிறம் பூசாத வண்டியில் அந்த வேலை பார்த்துவிட்டு வந்தால், வேக வழக்கில் அந்த அதிகாரியின் சாட்சியம் செல்லாது என்கிறது 40804.

உடனே குஷியாகிவிடாதீர்கள். 'முக்கிய வேலை' என்ற சொல்லில்தான் சூட்சுமம். வேறு வேலையாகச் சாதாரண காரில் போகிற துப்பறியும் அதிகாரி, கண்ணெதிரே ஒருவன் தாறுமாறாக ஓட்டினால் நிறுத்தலாம்; அதற்கு இந்தப் பிரிவு குறுக்கே வராது. இன்னொன்று, நீங்கள் பார்த்த வண்டியின் கதவைக் கவனித்தீர்களா? 2025-இல் சிஎச்பி, வெள்ளைக் கதவு இல்லாத டாட்ஜ் துராங்கோ வண்டிகளை இறக்கியது. சின்னம் கதவில் இருக்கும், ஆனால் நம் காரின் பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் வண்டி மாதிரிதான் தெரியும். எனக்கென்னவோ, சட்டத்தின் மனசுக்கு இது அவ்வளவாக ஒத்துவரவில்லை என்றே படுகிறது.

எப்படியானாலும் நிறத்தைப் பற்றிய வாதத்தைக் கோர்ட்டில் வைத்துக்கொள்ளுங்கள், ஷோல்டர் என்கிற சாலையோரத்தில் வேண்டாம். பின்னால் வரும் வண்டியின் முன்பக்கம் சிவப்பு விளக்கு எரிந்தால் வலப்பக்கம் ஒதுங்கி நிறுத்திவிட்டு, கையை ஸ்டியரிங் மேல் வையுங்கள். காரை விட்டு இறங்கக் கூடாது. நம் ஊர் மரியாதை இங்கே மிரட்டலாகத் தெரியும். போலி ஆள் என்று நிஜமாகவே சந்தேகம் வந்தால் வேகத்தைக் குறைத்து, நான்கு பக்க இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு 911-ஐக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

நிற விதி நம்மையும் கட்டும். போலீஸ் வண்டி மாதிரி பெயின்ட் அடித்து ஓட்டுவதற்கு 27605-ஆம் பிரிவு தடை போடுகிறது. படப்பிடிப்பு வண்டி என்றால்கூட 'மூவி கார்' என்று பளிச்சென எழுதி வைக்க வேண்டும்.

என் ஆபீஸ் நண்பர் ஒருவர் ஏலத்தில் வந்த பழைய ரோந்து வண்டி, ஒரு கிரௌன் விக்டோரியா, வாங்கினார். வெள்ளைக் கதவுகளுக்குக் கறுப்பு அடித்துத்தான் விற்றிருந்தார்கள். ஆனாலும் அவர் பின்னால் வந்தால் ஃப்ரீவேயில் எல்லோரும் பிரேக்கை மிதிப்பார்கள், நான் உட்பட. ஒருநாள் மதியம் சாப்பிடப் போக அதில் ஏறினேன். கதவைத் திறந்தால் உள்விளிம்பில் விரல் அகலத்துக்குப் பழைய வெள்ளை அப்படியே இருந்தது.