டிவி பாக்ஸ் அப்டேட் ஆனதுல இருந்து தமிழ் சேனல் ஆப் மட்டும் ஓட மாட்டேங்குது, யூடியூப் எல்லாம் நல்லா ஓடுது. ஏன் இப்படி?

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், ஃபேக்டரி ரீசெட் பண்ணிடாதீங்க. ஆப்பை அன்இன்ஸ்டாலும் பண்ணிடாதீங்க. ஏற்கனவே பண்ணிட்டீங்கன்னா சரி விடுங்க, எங்க ஹவுஸ் ஓனர் ஆயா கதை உங்களுக்குத்தான்.

நான் இருக்கறது தென்னாப்பிரிக்கா, டர்பன் பக்கத்துல சாட்ஸ்வொர்த். ஊர்ல இருந்து வந்து 12 வருஷம் ஆச்சு. வேலை டிவி ஆப் டெஸ்டிங், அதாவது ஒரே ஆப்பை 14 பாக்ஸ்ல போட்டு ரிமோட்டை அமுக்கி அமுக்கிப் பாத்து எங்க உடையுதுன்னு எழுதி வைக்கற வேலை. என் சீட்டுக்குப் பின்னாடி ஒரு ஷெல்ஃப் இருக்கு, அதுல பழைய பாக்ஸ் நாலஞ்சு மேல மாஸ்கிங் டேப் ஒட்டி "இதை அப்டேட் பண்ணாதே"ன்னு எழுதியிருப்போம். புதுசா சேந்த பையன் ஒருத்தன் ஒரு தடவை தெரியாம ஓகே அமுக்கிட்டான், அவ்ளோதான், அந்தப் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிப் போகவே முடியல. வீட்டுல இருக்கற பாக்ஸும் பெரும்பாலும் அப்படித்தான், ஒருவழிப் பாதை.

நான் குடியிருக்கறது ஒரு அவுட்பில்டிங்ல, முன்வீட்டுல ஓனர் ஆயா, 80 வயசு தாண்டியாச்சு. அவங்க பசங்க பேரப்பசங்க எல்லாம் இங்கிலீஷ்தான், ஆயா மட்டும் தமிழ் பேசுவாங்க, அதனாலயே என்கிட்ட ஒரு பாசம். அவங்க டைம்டேபிள் முழுக்க இந்தியா டைம்ல ஓடும். நமக்கும் அங்கயும் மூணரை மணி நேர வித்தியாசம், அதனால அங்க ராத்திரி 8 மணி சீரியல் இங்க சாயங்காலம் நாலரைக்கு வந்துடும், அந்த நேரம் யாரும் கதவைத் தட்டக் கூடாது. போன வருஷம் புரட்டாசி ரெண்டாவது சனிக்கிழமை காலைல எனக்கு போன். இங்க புரட்டாசின்னா சும்மா இல்ல, மாசம் முழுக்க கறி மீன் கிடையாது, சனிக்கிழமை பெருமாளுக்கு விளக்கு ஏத்தி கோவிந்தா போடுவாங்க, ஆயா அதுக்கு டிவில பெருமாள் ப்ரோக்ராம் வேற ஓட விட்டுருப்பாங்க. போன்ல சொல்றாங்க, "தம்பி, பெருமாள் குரல் மட்டும் வருது, ஆளக் காணோம்."

முந்தின நாள் ராத்திரி பாக்ஸ் தானா அப்டேட் ஆயிருக்கு. நான் குளிச்சிட்டுப் போறதுக்குள்ள பேரன் ஹெல்ப் பண்றேன்னு ஃபேக்டரி ரீசெட் அடிச்சுட்டான். இப்ப ஆப்பைத் திரும்பப் போட்டு லாகின் பண்ணா "உங்கள் டிவைஸ் லிமிட் முடிந்துவிட்டது"ன்னு வருது. முன்னாடி குரலாவது வந்துச்சு, இப்ப அதுவும் இல்ல.

இது ஏன்னு சொல்றேன். ஆண்ட்ராய்டு பாக்ஸ்ல ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு அடையாள நம்பர் கிடைக்கும், 2017ல வந்த ஆண்ட்ராய்டு 8ல இருந்து அது ஆப்புக்கு ஆப் வேற வேற நம்பர், ரீசெட் பண்ணா அதுவும் மாறிடும். அதே பாக்ஸ்தான், அதே டிவிதான், அதே ஆயாதான், ஆனா ஆப் கம்பெனி சர்வர் கண்ணுக்கு இது புது ஆள். ரெண்டு டிவைஸ்தான்னு பிளான் இருந்தா பழைய ஆயா ஒரு இடத்தைப் பிடிச்சு உக்காந்திருப்பாங்க, மத்த இடமும் நிரம்பியிருந்தா புது ஆயாவுக்கு இடம் இல்ல. அதை எடுத்து விட சப்போர்ட்டுக்கு மெயில் போடணும், அவங்க ஆபீஸ் இந்தியால, சாயங்காலம் 6க்கு மூடுவாங்க, அதாவது இங்க மதியம் ரெண்டரை. சனி ஞாயிறு லீவு. திங்கக்கிழமை வரைக்கும் ஆயா என்னையும் பேரனையும் பாத்த பார்வை இருக்கே.

சரி, உங்க கேள்விக்கு வரேன். யூடியூப் நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் ஏன் ஓடுதுன்னா, அதெல்லாம் ஓடலன்னா பாக்ஸையே விக்க முடியாது. நெட்ஃபிளிக்ஸ் மாதிரி கம்பெனிங்க தனியா டிவைஸ் சர்டிஃபிகேஷனே வச்சிருக்காங்க, பாக்ஸ் செய்யறவங்க அப்டேட் விடறதுக்கு முன்னாடி பெரிய ஆப் ஒவ்வொண்ணையும் போட்டுப் பாத்துருவாங்க. உங்க தமிழ் சேனல் ஆப்பை அங்க யாரும் போட்டுப் பாக்கறதில்ல. அந்த ஆப் பண்ற ஆளுங்க நாலு பேரோ அஞ்சு பேரோ, அவங்க கைல உங்க பாக்ஸ் மாடல் இருக்குமான்னே சந்தேகம், அப்டேட் வந்ததே உங்கள மாதிரி ஆளுங்க திட்டின பிறகுதான் அவங்களுக்குத் தெரியும். இதுல வேற அப்டேட்டை எல்லாருக்கும் ஒரே நாள்ல விட மாட்டாங்க, கொஞ்சம் கொஞ்சமா விடுவாங்க, அதனால பக்கத்து வீட்டுல அதே பாக்ஸ்ல நல்லா ஓடும், உங்களுக்கு மட்டும் ஓடாது, நீங்க வைஃபையை சந்தேகப்பட்டு ஃபைபர் கம்பெனிக்கு போன் போடுவீங்க.

உண்மையில ஆப்பை அப்டேட் உடைக்குதுன்னு சொல்றதைவிட, ஆப் எதை நம்பி உக்காந்திருந்துச்சோ அதை உருவிடுதுன்னு சொல்லலாம். எது உருவப்பட்டுச்சுன்னு கண்டுபிடிக்க ஸ்க்ரீனைப் பாத்தாலே பாதி தெரிஞ்சுடும். சத்தம் வருது படம் கருப்பு, ஆயா கேஸ் மாதிரி, அப்படின்னா நெட்டும் நல்லாருக்கு லாகினும் நல்லாருக்கு, பெரும்பாலும் வீடியோவை விரிச்சுக் காட்டற டிகோடர்ல பிரச்சனை. அந்த டிகோடர் பாக்ஸ் சிப்புக்குள்ள இருக்கு, அப்டேட்ல அதோட சாஃப்ட்வேர் மாறும், ஆப் பழைய மாதிரியே அதுகிட்ட பேசும், அது புரியாம முழிக்கும். மாத்தி, படம் வந்து சத்தம் வரலன்னா ஆப்பைத் தொடாதீங்க, பாக்ஸ் செட்டிங்ல சவுண்ட் அவுட்புட் போய்ப் பாருங்க, அப்டேட் ஆனதும் அது தானா டால்பிக்கு மாறியிருக்கலாம், பழைய டிவிக்கு அது புரியாது, பிசிஎம்னு மாத்தினா சத்தம் வந்துடும். இதுக்கே எத்தனை பேர் புது டிவி வாங்கப் போயிருக்காங்க தெரியுமா.

படம் வருது ஆனா எல்லாம் மங்கலா பழைய விசிடி மாதிரி இருக்குன்னா அது பெரும்பாலும் வீடியோவைக் காப்பி அடிக்காம காக்கற பூட்டு சமாச்சாரம். வைட்வைன்னு கூகுளோட பூட்டு ஒண்ணு இருக்கு, அதுல எல்1ங்கற உசந்த பாதுகாப்பு இருந்தா எச்டி குடுப்பாங்க, எல்3க்கு இறங்கிட்டா நிறைய ஆப் குறைஞ்ச குவாலிட்டி மட்டும்தான் குடுக்கும். அப்டேட்ல அந்தப் பூட்டு கெட்டுப் போனா நீங்க ஒண்ணும் பண்ண முடியாது, பாக்ஸ் கம்பெனிதான் அடுத்த அப்டேட்ல சரி பண்ணணும்.

ஆப் திறந்த உடனே பட்டுனு மூடிக்குது, இல்ல இன்ஸ்டாலே ஆக மாட்டேங்குதுன்னா ஓஎஸ், அதாவது பாக்ஸையே ஓட்டற ஆண்ட்ராய்டு மாதிரி அடிப்படை சாஃப்ட்வேர், அதோட ரூல் மாறியிருக்கலாம். 2023ல வந்த ஆண்ட்ராய்டு 14, ஆண்ட்ராய்டு 6க்கும் பழைய காலத்துக்காக எழுதின ஆப்பைப் புதுசா இன்ஸ்டால் பண்ண விடாது. ஆனா அப்டேட்டுக்கு முன்னாடியே உள்ள இருந்த ஆப்பை அது தூக்காது, இருந்துட்டுப் போன்னு விட்டுடும். அதான் மேலயே சொன்னேன் அன்இன்ஸ்டால் பண்ணாதீங்கன்னு. அவ்ளோ பழைய காலத்துக்கு எழுதி அப்புறம் யாரும் தொடாத ஆப்பா இருந்தா, தூக்கிட்டுத் திரும்பப் போட்டா சரியாகும்னு நினைச்சுத் தூக்குவீங்க, திரும்ப ஏறவே ஏறாது.

இன்னொரு வேடிக்கை, சில சமயம் பாக்ஸ் மேல தப்பே இருக்காது. ஸ்டோர்ல இருக்கணும்னா ஆப்பைப் புது ஆண்ட்ராய்டுக்கு ஏத்த மாதிரி மாத்துன்னு நெருக்குவாங்க, ஆப்காரங்க அவசரத்துல மாத்தி விடுவாங்க. 2018ல வந்த ஆண்ட்ராய்டு 9ல ஒரு ரூல், அதுக்காகவோ அதுக்கு மேலயோ எழுதின ஆப்ல வெறும் எச்டிடிபி லிங்க் (பாதுகாப்புப் பூட்டு இல்லாத இணைய முகவரி) தானா பிளாக் ஆயிடும், எஸ் போட்ட எச்டிடிபிஎஸ்தான் ஓடும். சின்ன சேனலுங்க பல பேர் பழைய சர்வர்ல எஸ் இல்லாத லிங்க்லதான் ஸ்ட்ரீம் விட்டுட்டு இருப்பாங்க. விளைவு, ஆப்ல பாதி சேனல் ஓடும் பாதி சுத்திட்டே இருக்கும். அதைப் பாத்தா நான் பாக்ஸை சந்தேகப்பட மாட்டேன்.

எல்லா சேனலும் சுத்திட்டே இருந்தா முதல்ல தேதியும் டைமும் பாருங்க. சிரிக்காதீங்க. இங்க 2023ல லோட் ஷெட்டிங் உச்சத்துல இருந்தப்ப எனக்கு வந்த பாதி கம்ப்ளைண்ட் இதுதான். நிறைய பாக்ஸ்ல கடிகாரத்துக்குன்னு பேட்டரி கிடையாது, கரண்ட் போய் வந்தா ஏதோ பழைய தேதில எந்திரிக்கும், நெட் வந்தப்புறம்தான் சரியான டைம் எடுத்துக்கும். வைஃபை ரூட்டர் எந்திரிக்கறதுக்குள்ள ஆப்பைத் திறந்தா, சர்வரோட சர்டிஃபிகேட் (நான்தான் அசல் சர்வர்னு காட்டற, தேதி போட்ட அடையாள அட்டை) இன்னும் பொறக்கவே இல்லன்னு நினைச்சு கனெக்ஷனை வெட்டிடும். அஞ்சு நிமிஷம் பொறுத்து ரீஸ்டார்ட் பண்ணா போதும். அப்டேட் முடிஞ்சு தானா ரீஸ்டார்ட் ஆகறப்பவும் இதே கூத்து நடக்கலாம்.

சர்டிஃபிகேட்னு சொன்னதும் ஞாபகம் வருது, அப்டேட்டே வேண்டாம்னு ஆஃப் பண்ணி வைக்கறதும் சரிப்படாது. லெட்ஸ் என்கிரிப்ட்னு வெப்சைட்டுங்களுக்கு இலவசமா சர்டிஃபிகேட் குடுக்கற அமைப்பு இருக்கு, அவங்க சர்டிஃபிகேட்டுக்கு ஆதாரமா இருந்த ஒரு பழைய ரூட் சர்டிஃபிகேட் 2021 செப்டம்பர் 30 அன்னிக்கு காலாவதி ஆச்சு, அப்டேட் நின்னு போன பல பழைய கருவிகள்ல ஒரே நாள்ல பல சைட் திறக்காம போச்சு. 2025 மார்ச்ல கூகுளோட ரெண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் உலகம் முழுக்க படுத்துச்சே, அதுவும் பத்து வருஷ சர்டிஃபிகேட் ஒண்ணு காலாவதி ஆனதாலதான். அப்ப கூகுளே சொன்னாங்க ஃபேக்டரி ரீசெட் பண்ணாதீங்கன்னு. கேக்காம பண்ணவங்களுக்கு சாதாரண ரிப்பேர் பத்தல, அவங்களுக்குன்னு தனியா ஒரு வழி பண்ண வேண்டி வந்துச்சு.

ஆண்ட்ராய்டு இல்லாத பாக்ஸ் வச்சிருக்கவங்களுக்கு ரெண்டு வார்த்தை. ஆப்பிள் டிவில ஆப்காரங்களுக்கு ஜூன்லயே பீட்டா கிடைச்சுடும், செப்டம்பர்ல நமக்கு வரும், அதனால சோம்பேறியா இல்லாதவங்க மூணு மாசத்துல சரி பண்ணிடுவாங்க. ஆனா 2024ல வந்த டிவிஓஎஸ் 18ல, நிறைய சின்ன சேனல் ஆப் கட்டின டிவிஎம்எல்ங்கற ஆப்பிளோட பழைய டெம்ப்ளேட் முறையைக் கைவிடறோம்னு ஆப்பிள் அறிவிச்சாச்சு, இப்போதைக்கு ஓடும், என்னைக்கு நிக்கும்னு பாத்துக்கணும். அமேசான் பக்கம் இன்னும் பெருசு, இதுவரைக்கும் ஃபயர் டிவி உள்ள ஆண்ட்ராய்டுதான் இருந்துச்சு, 2025 செப்டம்பர்ல அறிவிச்ச ஃபயர் டிவி ஸ்டிக் 4கே செலக்ட்ல வேகான்னு சொந்தமா ஒரு ஓஎஸ். அதுல ஏபிகே ஃபைலை (ஆண்ட்ராய்டு ஆப்போட இன்ஸ்டால் ஃபைல்) வெளில இருந்து கொண்டு வந்து ஏத்தறதெல்லாம் நடக்காது, ஆப்பைப் புதுசா எழுதித்தான் குடுக்கணும். யாரோ ஒரு மாமா பென் டிரைவ்ல கொண்டு வந்து போட்டுக் குடுத்த ஆப்ல படம் பாத்துட்டு இருக்கீங்கன்னா, அடுத்த ஸ்டிக் வாங்கறதுக்கு முன்னாடி பெட்டில என்ன ஓஎஸ்னு படிச்சுட்டு வாங்குங்க. அந்த மாதிரி ஆப் பாதி திருட்டு சேனல்தான், அதுக்கு நான் ரிப்பேர் சொல்லப் போறதில்ல.

ஆயா கதை மீதி. திங்கக்கிழமை நான் லஞ்ச் டைம்ல மெயிலைத் திரும்பத் தட்டி, ஒண்ணே முக்காலுக்கு பதில் வந்துச்சு, பழைய டிவைஸை எடுத்து விட்டுட்டாங்க. லாகின் ஆச்சு. படம் மறுபடி கருப்பு, குரல் மட்டும். ரீசெட்டால ஒண்ணும் மாறலன்னு பேரன் அப்பத்தான் ஒத்துக்கிட்டான், ரீசெட் பண்ணா பழைய ஓஎஸ் திரும்ப வராது, இதே புது ஓஎஸ்தான் காலியா வரும்னு அவனுக்குத் தெரியல. அந்த ஆப் செட்டிங்ல ப்ளேயர்னு ஒரு பக்கம் இருந்துச்சு, உள்ள ஹார்ட்வேர் டிகோடர், சாஃப்ட்வேர் டிகோடர்னு ரெண்டு. சாஃப்ட்வேருக்கு மாத்தினேன். படம் வந்துடுச்சு. ஆனா பாக்ஸ்ல ஒரு ஜிபி ராம்தான், சிப்புக்கு வேலை ஜாஸ்தி, கீழ ஓடற எழுத்து இழுத்து இழுத்து ஓடுது. ஆயா கண்ணாடியை ஏத்தி விட்டுப் பாத்துட்டு, "வந்துட்டாரு, ஆனா தத்தித் தத்தி நடக்கறாரே"ன்னாங்க.

அப்படியே விட்டுட்டு ஆப்காரங்களுக்கு உருப்படியா ஒரு மெயில் போட்டேன், நீங்களும் அதைத்தான் பண்ணணும். "ஆப் வேலை செய்யல, காசைத் திருப்பிக் குடு"ன்னு வர்ற மெயிலைப் படிச்சு யாராலயும் ஒண்ணும் சரி பண்ண முடியாது, நான் அந்தப் பக்கம் உக்காந்திருக்கறவன், சொல்றேன். பாக்ஸ் மாடல், செட்டிங்ல அபவுட்னு போனா தெரியற ஓஎஸ் வெர்ஷனும் பில்ட் நம்பரும், ஆப் வெர்ஷன், எந்தத் தேதில அப்டேட் ஆச்சு, சத்தம் வருதா படம் வருதா, எல்லா சேனலுமா ஒரே சேனலா. முடிஞ்சா போன்ல 20 செகண்ட் வீடியோ எடுத்து வைங்க. அது வரைக்கும் ஆப்பை ஃபோர்ஸ் ஸ்டாப் பண்ணி கேஷ் மட்டும் கிளியர் பண்ணிப் பாக்கலாம், பக்கத்துலயே கிளியர் டேட்டான்னு இருக்கும், அதை அமுக்கினா லாகின் போயிடும், பாஸ்வேர்ட் யாருக்கு ஞாபகம் இருக்குன்னு முதல்ல கேட்டுக்கோங்க. பாக்ஸ்ல இடம் எவ்ளோ மிச்சம்னும் பாருங்க, 8 ஜிபி பாக்ஸ்ல ஓஎஸ்ஸே நிறைய இடத்தைத் தின்னுடும், யாரும் திறக்காத கேம் ரெண்டைத் தூக்கினாலே சில ஆப்புக்கு உயிர் வரும்.

12 நாள் கழிச்சு ஆப்புக்கு அப்டேட் வந்துச்சு, ஹார்ட்வேருக்குத் திரும்ப மாத்தி விட்டேன், எழுத்து சீரா ஓடுச்சு. அதுக்குள்ள புரட்டாசில இன்னொரு சனிக்கிழமையும் போயிருந்துச்சு. பாஸ்வேர்டை நான் ஒரு அட்டைல எழுதி டிவிக்குப் பின்னாடி ஒட்டிட்டேன், ரிமோட் இப்ப ஆயா தலகாணிக்கு அடியில, பேரன் கேட்டா குடுக்கறதில்ல.