கேள்வி – பதில்: ரிவிக்கு எந்த டொக்?

கையடக்க விளையாட்டுக் கொன்சோலை ரிவியில் போட்டு விளையாடுவது பற்றியும், அதற்கு இரண்டையும் இணைக்கும் டொக் என்ற பெட்டி பற்றியும் வன்னி வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்துக்கொண்டோம்.

கனடாவில் இருந்து வந்த தம்பி பிள்ளைகளுக்கு நின்டெண்டோ ஸ்விட்ச் ஒன்று தந்துவிட்டுப் போனார். அடப்டர் இருக்கிறது, டொக் இல்லை. ஒன்லைனில் வேறு கம்பனிகளின் டொக் பல விதமாகக் கிடக்கிறது. எதை நம்பி வாங்குவது? அடப்டரின் பிளக்கும் எங்கள் சுவரில் பொருந்தவில்லை.
– வாசகி, மாங்குளம்

பிளக்கை முதலில் முடித்துவிடுவோம். நின்டெண்டோவின் சொந்த அடப்டர், எச்ஏசி-002, 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். ட்ரான்ஸ்போமர் வாங்கத் தேவையில்லை. தட்டைப் பின்னை 13 அம்பியர் சதுரப் பின்னாக்கும் கன்வேட்டர் ஒன்று போதும். ஆனால் கொஞ்சமும் ஆடாமல் இறுக்கமாக இருக்கவேண்டும். ஆடினால் உள்ளே பொறி தட்டிக் கருகும்.

டொக் செய்யும் வேலை இரண்டு. கொன்சோல் ரைப்-சி வழியாக அனுப்பும் டிஸ்ப்ளேபோட் என்ற படச் சிக்னலை, ரிவி ஏற்கும் எச்டிஎம்ஐ ஆக்குவது ஒன்று. சார்ஜரின் மின்சாரத்தைக் கொன்சோலுக்குக் கடத்துவது மற்றது. முதலாவதில் பிழைத்தால் படம் வராது, அவ்வளவுதான். இரண்டாவதில் பிழைத்தால் கொன்சோலே போய்விடும். 2018 மார்ச்சில் 5.0 சிஸ்டம் அப்டேற் வந்த கையோடு, வேறு கம்பனி டொக்கில் வைத்த ஸ்விட்ச்கள் செத்துப்போனதாக முறைப்பாடுகள் கிளம்பின. அந்தப் பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. போகவும் தேவையில்லை.

ரைப்-சி தலைக்குள் பின்கள் அரை மில்லிமீற்றர் இடைவெளியில் நிற்கின்றன. 15 வோல்ட் வரும் பின்னுக்கு அடுத்ததே, எத்தனை வோல்ட் வேண்டும் என்று சார்ஜரும் கொன்சோலும் பேசிக்கொள்ளும் சிசி பின். தலை தளர்வாக இருந்து, கொன்சோலைச் சரித்து வைக்கும்போது அந்த இரண்டும் தொட்டுக்கொண்டால், எம்92ரி36 என்ற மின் கட்டுப்பாட்டுச் சிப் எரியும்.

ஆகவே டொக்கை வாங்குமுன் அதன் தலையைப் பாருங்கள். கொன்சோலை மேலிருந்து இறக்கிக் குத்தும் ஸ்ராண்ட் வகையில், பக்கவாட்டில் தாங்கும் சுவர் இல்லாதவற்றைத் தவிருங்கள். அரையடி வயரோடு வரும் சிறு பெட்டி வகை நல்லது. கவர் போட்ட கொன்சோலுக்கும் பொருந்தும். விபரத்தில் பவர் டெலிவரி (சார்ஜரும் கொன்சோலும் வோல்ட்டைப் பேசித் தீர்மானிக்கும் முறை), 15 வோல்ட் என்ற இரண்டும் எழுதியிருக்கவேண்டும். மைக்ரோ யூஎஸ்பியால் மின்சாரம் எடுக்கும் டொக்கைத் தொடவேண்டாம். "4கே" (மிக நுணுக்கமான பட அளவு) என்ற எழுத்துக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்: முதல் தலைமுறை ஸ்விட்ச், ஓஎல்இடி மொடல் உட்பட, ரிவிக்குத் தருவது உச்சமாக அதைவிடக் குறைந்த 1080பி, செக்கனுக்கு 60 பிறேம்தான்.

எங்களைக் கேட்டால், நின்டெண்டோவின் சொந்தப் பழைய டொக், எச்ஏசி-007, செக்கன்ட்ஹாண்டில் கிடைத்தால் அதையே முதலில் எடுப்போம். ஓஎல்இடி கொன்சோலும் அதில் உட்காரும்.

சின்ன டொக் ஒன்று வாங்கினேன். 33 வாட் போன் சார்ஜரைக் கொடுத்தால் ஸ்விட்ச் சார்ஜ் ஏறுகிறது, ரிவியில் படம் இல்லை. டொக் பழுதா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பெரும்பாலும் சார்ஜர்தான். ஸ்விட்ச் ரிவிக்குப் படம் அனுப்ப 15 வோல்ட் கேட்கும். நின்டெண்டோ அடப்டர் தருவது 15 வோல்ட், 2.6 அம்பியர், அதாவது 39 வாட். உங்கள் சார்ஜரின் வாட்டை விட்டுவிட்டு, அதன் முதுகில் அச்சிட்டிருக்கும் அவுட்புட் வரிகளை வாசியுங்கள். 5, 9, 11 அல்லது 12 வோல்ட் மட்டும் இருந்தால் சார்ஜ் ஏறும், படம் வராது. சார்ஜர் பக்கத்தில் அகலமான பழைய யூஎஸ்பி தலை கொண்ட வயர் என்றால் லேபிளைப் பார்க்கவே வேண்டாம். அந்த வயரில் பவர் டெலிவரி பேச்சு நடக்காது. இரண்டு முனையும் ரைப்-சி ஆக இருக்கவேண்டும். லப்டொப்புக்கு வரும் 65 வாட் ரைப்-சி சார்ஜரில் 15 வோல்ட், 3 அம்பியர் என்ற வரி இருந்தால் தாராளமாகப் பாவிக்கலாம்.

சார்ஜரை மாற்றியும் வராவிட்டால் எல்லாவற்றையும் கழற்றி, அடப்டரின் இரு முனையையும் பிடுங்கி, 30 செக்கனுக்கு மேல் விடுங்கள். பிறகு மின்சாரம், எச்டிஎம்ஐ, கடைசியாகக் கொன்சோல் என்ற ஒழுங்கில் செருகுங்கள். ரிவியின் சோர்ஸ் சரியான எச்டிஎம்ஐ இலக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பலருக்குக் கோளாறு அங்கேதான் கிடக்கும்.

சிறு ரைப்-சி மீற்றர் ஒன்று கையில் இருந்தால் வேலை இலகு. சார்ஜருக்கும் டொக்குக்கும் நடுவில் செருகுங்கள். கொன்சோலை வைத்ததும் 5 என்று காட்டி 15க்கு ஏறவேண்டும். பழைய ஸ்விட்சுக்கு 20 என்று காட்டினால் உடனே கழற்றிவிடுங்கள். நின்டெண்டோ அடப்டரை நேரே கொன்சோலில் குத்தியும் 5இலேயே நின்றால் சந்தேகம் எம்92ரி36 மேல். 15க்கு ஏறுகிறது, வேறு டொக்கிலும் படம் இல்லை என்றால் பக்கத்தில் உள்ள பிஐ3யூஎஸ்பி வீடியோச் சிப் மேல். நுணுக்குக்காட்டியும் ஹொட் எயாரும் வைத்துப் போன் போட் திருத்துபவரிடம் இந்தப் பெயர்களைச் சொல்லிக் கொடுங்கள். வெறும் சார்ஜிங் போட் மாற்றுபவரிடம் கொடுக்கவேண்டாம்.

ஸ்விட்ச் லைட்டுக்கு எந்த டொக்?
– மாணவர், கிளிநொச்சி

எதுவும் இல்லை. லைட், மொடல் எச்டிஎச்-001, ரிவிக்குப் படம் அனுப்பும் வசதியோடு செய்யப்படவில்லை. "லைட்டுக்கும் பொருந்தும்" என்று விற்பவை சார்ஜ் மட்டும் ஏற்றும்.

ஸ்ரீம் டெக் என்ற கையடக்கக் கொன்சோலும் ஸ்விட்சும் வீட்டில் இருக்கின்றன. ஒரே டொக்கில் சமாளிக்கலாமா?
– வாசகர், வவுனியா

சமாளிக்கலாம், டெக்கின் தேவைக்கு வாங்கினால். டெக் தன் பங்குக்கே 45 வாட் எடுக்கும். டொக்கும் தனக்கென்று சில வாட்டைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே 65 வாட் சார்ஜர் போடுங்கள், இல்லாவிட்டால் கனமான கேம் ஓடும்போது சார்ஜ் மெல்ல இறங்கும். 4கே ரிவி என்றால் எச்டிஎம்ஐ 2.0 டொக் வேண்டும், 1.4 என்றால் 4கேயில் 30 பிறேமோடு நின்றுவிடும், சுட்டி இழுபடுவது போலத் தெரியும். படம் மங்கலாக இருந்தால் டொக்கைக் குறை சொல்லுமுன் அந்தக் கேமின் ப்ரொப்பர்ட்டீஸில் கேம் ரெசல்யூஷனைப் பாருங்கள்.

எங்கள் ரிவி பழைய பெட்டி, மஞ்சள்-வெள்ளை-சிவப்பு ஓட்டைகள் மட்டும். கரண்டும் அடிக்கடி போய்வரும். கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் கொன்சோல் கொதிக்கிறது.
– வாசகி, துணுக்காய்

எச்டிஎம்ஐயை ஏவியாக, அதாவது அந்த மூன்று நிற ஓட்டைகளுக்கு ஏற்றதாக, மாற்றும் சிறு பெட்டி கிடைக்கிறது. அதற்கும் தனியே 5 வோல்ட் கொடுக்கவேண்டும். படம் வரும், எழுத்து வாசிக்கச் சிரமம். 32 இஞ்ச் எல்இடி ரிவி வாங்கும் எண்ணம் இருந்தால் அந்தக் காசைச் சேர்த்துவையுங்கள். அதில் படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் கொன்சோலின் ரிவி செற்றிங்ஸில் திரை அளவைச் சரிசெய்யலாம்.

கரண்ட் போனால் கொன்சோல் பற்றரியில் தொடரும், விளையாட்டு அழியாது. ஆபத்து கரண்ட் திரும்பும்போதுதான். போனவுடன் அடப்டரைச் சுவரிலிருந்து கழற்றி, வந்து சில நிமிடம் கழித்து மாட்டுங்கள். ஸ்ரெபிலைசர் வேண்டாம், அடப்டரே ஏற்ற இறக்கத்தைத் தாங்கும்.

கொதிப்புக்குக் காரணம், ரிவியில் ஓடும்போது கொன்சோல் கூடிய வேகத்தில் வேலை செய்வது. நின்டெண்டோ சொல்லும் எல்லை 35 பாகை செல்சியஸ். கச்சான் அடிக்கும் பகலில் தகரக் கூரையின் கீழ் அதைத் தாண்டும். ஷோகேஸ் அலுமாரிக்குள் வைக்காதீர்கள். காற்று பின்பக்கத்தால் உறிஞ்சப்பட்டு மேல் விளிம்பால் வெளியேறும், அந்த இரண்டும் திறந்திருக்கட்டும். புழுதி படிந்தால் மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும்.

ஸ்விட்ச் 2க்குப் பழைய டொக் சரிவருமா?
– வாசகர், முல்லைத்தீவு

வராது. அதற்கு 60 வாட், 20 வோல்ட் அடப்டர். டொக்கோடு பேசும் முறையும் வேறு. "ஸ்விட்ச் 2" என்று பெயர் சொல்லி, மென்பொருள் அப்டேற் போடக்கூடியது என்றும் விற்பவர் எழுதியிருந்தால் மட்டும் யோசியுங்கள். அப்போதும் கொன்சோலின் அடுத்த சிஸ்டம் அப்டேற்றோடு படம் நின்றுபோகலாம் என்பதால், திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ள இடத்தில் வாங்குங்கள்.