ஜாமீன்தாரரை மாற்ற முடியுமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஜாமீன் பத்திரம் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூக்கம் இழந்தவர்களுடையவை. முதலில் ஒரு குறிப்பு. 2024 ஜூலை 1 முதல், குற்ற வழக்குகளை நடத்தும் முறையைச் சொல்லும் புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அன்றைக்கு நிலுவையில் இருந்த விசாரணைகள் 1973ஆம் ஆண்டின் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படியே தொடர்கின்றன. ஜாமீன் பத்திர விதிகளைப் பொறுத்தவரை சாரம் ஏறக்குறைய ஒன்றுதான், பிரிவு எண்கள்தான் மாறியிருக்கின்றன.

கேள்வி: என் கணவர் 2022இல் ஓர் அடிதடி வழக்கில் தன் தம்பிக்கு ஜாமீன் நின்றார். சென்ற மாதம் இறந்துவிட்டார். எங்கள் வீட்டை ஜப்தி செய்வார்களா?

அம்மா, உங்கள் கொழுந்தனார் வாய்தா தவறாமல் போய்வந்திருந்தால் வீட்டைப் பற்றிய பயம் வேண்டாம். பத்திரம் பறிமுதல் ஆவதற்கு, அதாவது நிபந்தனை மீறப்பட்டதால் அதிலுள்ள தொகையைக் கட்டும் பொறுப்பு வருவதற்கு முன்பே ஜாமீன்தாரர் இறந்துவிட்டால் அவருடைய சொத்துக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. உங்கள் வழக்குக்குப் பொருந்தும் பழைய சட்டத்தில் இது 446(4), புதியதில் 491(4). அவர் உயிரோடு இருந்தபோதே பறிமுதல் உத்தரவு வந்திருந்தால் மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அதை வழக்குக் கட்டைப் பார்த்து வழக்கறிஞர் உறுதி செய்யட்டும்.

இனி வேலை கொழுந்தனாருக்குத்தான். ஜாமீன்தாரர் இறந்தாலோ நொடித்துப்போனாலோ புதிய ஜாமீன் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம் (பழைய 447, புதிய 493). கொடுக்காவிட்டால் முதல் உத்தரவையே மீறியதாகக் கருதுவார்கள். அந்த உத்தரவு வரும்வரை அவர் காத்திருக்க வேண்டாம். அடுத்த வாய்தாவிலேயே இறப்புச் சான்றிதழின் நகலோடு ஒரு மெமோ தாக்கல் செய்து, மாற்று ஆளையும் கூடவே நிறுத்தட்டும். ‘ஒருவர் ரத்த உறவினராக இருக்க வேண்டும்’ என்று முதல் உத்தரவில் இருந்தால், வருகிறவரும் அப்படிப்பட்டவராக இருப்பது நல்லது. ஆதார் அட்டை அல்லது வங்கி பாஸ்புக் நகல், புகைப்படம் ஆகியவற்றை அவர் கொண்டுவர வேண்டும். இடது பெருவிரல் ரேகையும் வைக்கச் சொல்வார்கள்.

கேள்வி: நண்பனுக்கு ஜாமீன் போட்டேன். அவன் இப்போது வாய்தாவுக்கே போவதில்லை, போனையும் எடுப்பதில்லை. நான் விலகிக்கொள்ள முடியுமா?

முடியும் தம்பி. எந்த நேரத்திலும் விலக மனுப் போடலாம் என்கிறது புதிய சட்டத்தின் 489ஆவது பிரிவு (இனி நான் சொல்லும் எண்கள் எல்லாம் புதிய சட்டத்தினுடையவை). ஆனால் மனு கொடுத்த அன்றே விடுதலை கிடைத்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். மனு வந்ததும் மாஜிஸ்திரேட் உங்கள் நண்பனைப் பிடித்துவரப் பிடியாணை அனுப்புவார். அவன் வந்த பிறகோ, தானாகச் சரணடைந்த பிறகோதான் உங்கள் பத்திரம் ரத்தாகும். பின் அவனிடம் வேறு ஜாமீன்தாரரைக் கேட்பார்கள். இல்லையென்றால் சிறைக்கு அனுப்பலாம். அதுவரை பொறுப்பு உங்களுடையதே.

அதனால், நண்பன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் நான் சொல்லும் வழி வேறு. அவனையும் புதிய ஜாமீன்தாரரையும் ஒரே நாளில் அழைத்துப் போங்கள். பழைய பத்திரம் ரத்தாவதும் புதியது ஏற்கப்படுவதும் ஒரே நாளில் முடிந்துவிட வாய்ப்புண்டு.

அவன் ஏற்கெனவே வாய்தா தவறியிருப்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 491ஆவது பிரிவின்படி பத்திரத்தைப் பறிமுதல் செய்து, தொகையை ஏன் வசூலிக்கக் கூடாது என்று உங்களுக்கு நோட்டீஸ் வரலாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டீக்கடைக்காரர் அப்படிப்பட்ட நோட்டீஸோடு என்னிடம் வந்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் பத்து நாட்கள் வைத்திருந்ததில் தாள் வியர்வையில் நைந்து, மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்தது. நண்பன் செய்த குற்றத்துக்குத் தன்னைச் சிறையில் போடுவார்கள் என்று நம்பி, மனைவியிடம்கூட அவர் சொல்லவில்லை. பத்திரத்தில் இருந்த தொகை 10,000 ரூபாய். அவருடைய பொறுப்பு அந்த அளவுதான். நண்பனைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தோம். பிடியாணையைத் திரும்பப் பெற மனுக் கொடுத்தோம். நீதிமன்றம் காரணத்தைப் பதிவு செய்து தொகையில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தது. அதற்கான அதிகாரம் அதே பிரிவில் இருக்கிறது. நோட்டீஸுக்குப் பதிலும் சொல்லாமல் பணமும் கட்டாமல், சொத்திலிருந்தும் வசூலிக்க முடியாமல் போனால்தான் ஆறு மாதம் வரை சிவில் சிறை என்ற கட்டம் வரும். தயவுசெய்து நோட்டீஸை மடித்து வைக்காதீர்கள்.

கேள்வி: ஜாமீனுக்குக் காட்டிய வீட்டை விற்கலாமா?

அந்தச் சொத்தைக் காட்டித்தான் உங்களைத் தகுதியானவர் என்று ஏற்றார்கள். அது கைமாறினால் நீங்கள் போதாத ஜாமீன்தாரர் ஆகிவிடலாம். அப்போது 488ஆவது பிரிவின்படி குற்றம் சாட்டப்பட்டவரை வரவழைத்து வேறு ஜாமீன் கேட்பார்கள். விற்பதற்கு முன்பே மாற்று ஆளை நிறுத்தி விலகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நீதிமன்ற வாசலில் ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்க ஆள் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

வேண்டவே வேண்டாம். இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறேன் என்று ஒவ்வொரு ஜாமீன்தாரரும் விவரத்தோடு உறுதிமொழி தர வேண்டும் (486). வாடகை ஆள் அதில் உண்மையைச் சொல்ல மாட்டார். மோசடி தெரிந்த அன்று 488இன்படி பிடியாணை வருவது உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு. ஆள் தந்தவரை அன்று வாசலில் தேடினாலும் காண முடியாது.

கேள்வி: திருப்பூரில் என்னோடு வேலை செய்யும் பீகார்க்காரருக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. உள்ளூர் ஜாமீன்தாரர் இல்லாததால் வெளியே வர முடியவில்லை.

உடன் வேலை செய்கிறவருக்காகக் கேட்கிறீர்கள், மனம் நிறைகிறது. இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1978லேயே பதில் சொல்லிவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் மோதிராம் என்ற கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அவருடைய அண்ணன் தம்பியின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் மறுத்தார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகக் கண்டித்தார். பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ கைதாகும் ஒரு தமிழரோ மலையாளியோ உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவார் என்று கேட்டார். ஜாமீன்தாரர் இல்லாமல், 1,000 ரூபாய்க்கு அவரே எழுதித் தரும் சொந்தப் பத்திரத்தில் அந்தக் கொத்தனாரை விடுவிக்க உத்தரவிட்டார். உள்ளூர் ஜாமீன்தாரர் நிபந்தனையால் விடுதலை தாமதமாகிறது, அதை விதிக்க வேண்டியதில்லை என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொன்னது.

எனவே நிபந்தனையை மாற்றக் கோரி மனுப் போடுங்கள். பத்திரத்துக்குப் பதிலாக நீதிமன்றம் குறிக்கும் தொகையை ரொக்கமாகச் செலுத்த 490ஆவது பிரிவில் அனுமதி கேட்கலாம். தொகை அதிகம் என்றால் குறைக்கும்படி செஷன்ஸ் நீதிமன்றத்தையோ உயர் நீதிமன்றத்தையோ நாடலாம் (484).

கேள்வி: ஒரே ஆள் பல வழக்குகளுக்கு ஜாமீன் நிற்கலாமா?

நிற்கலாம், நீதிமன்றம் ஏற்றால். 2024இல் பல மாநிலங்களில் 13 வழக்குகள் இருந்த ஒருவர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆள் தேட முடியாமல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரே ஜாமீன்தாரர்கள் எல்லா வழக்குகளுக்கும் நிற்க அனுமதி கிடைத்தது.

கேள்வி: அண்ணனுக்கு ஜாமீன் கிடைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பணமும் இல்லை, நிற்க ஆளும் இல்லை.

உத்தரவு வந்து ஏழு நாட்களுக்குள் ஒருவர் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் மேலே சொன்ன 2023 ஜனவரி உச்ச நீதிமன்ற உத்தரவில் இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் பத்திரம் கொடுக்கப்படாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்தப் பரிசீலிக்கலாம். ஏழைக் கைதிகளுக்காக மத்திய அரசு 2023இல் கொண்டுவந்த திட்டத்தில் பண உதவி கிடைக்க வழியுண்டு. போதைப்பொருள், ஊழல் தடுப்புச் சட்ட வழக்குகள் போன்றவற்றுக்குப் பொருந்தாது.

நாளை காலை நீதிமன்ற வளாகத்தில் ஆணைக்குழு அலுவலகம் எங்கே என்று கேட்டு நேரில் போங்கள். ஜாமீன் உத்தரவின் நகலையும் ரேஷன் அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். வழக்கறிஞரை அவர்களே இலவசமாக அமர்த்தித் தருவார்கள்.