நாயின் கண்ணிமையில் தவறாக முளைக்கும் முடிக்குக் குறைந்த செலவில் சிகிச்சை பெற முடியுமா?

இமை விளிம்பில் கூடுதலாக முடி முளைத்திருக்கிறது, மயக்க மருந்து கொடுத்துத்தான் அகற்ற வேண்டும் என்று மருத்துவர் சொன்னதாகவும், அந்தச் செலவு கட்டுப்படியாகவில்லை என்பதால் வீட்டிலேயே ட்வீசரால் பிடுங்கிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் கால்நடை மருத்துவம் படித்தவனில்லை. ஆனால் எங்கள் வீட்டு ஷிட்ஸு பஞ்சுவின் ஒரே கண்ணுக்காக நான்கு மாதங்கள் அலைந்தவன் என்ற முறையில், பணம் எங்கே வீணாகிறது என்பதை ஓரளவு அறிவேன். எங்கள் அனுபவத்தில் அது சிகிச்சையில் வீணாகவில்லை. எந்த முடி, எங்கிருந்து முளைத்து, எதை உரசுகிறது என்று தெரியாமலேயே சொட்டு மருந்துகளை மாற்றி மாற்றி வாங்கியதில்தான் வீணானது.

முதலில், தவறாக வளரும் முடி என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஒரே நோய் அன்று. நாய்க்கு இயல்பான இமை முடி மேலிமையில்தான் உண்டு. கீழிமையில் உண்மையான இமை முடி கிடையாது. இமை விளிம்பில் மெய்போமியன் சுரப்பிகளின் வாய்கள் வரிசையாக இருக்கின்றன. கண்ணீர் விரைவில் உலர்ந்துவிடாமல் காக்கும் எண்ணெயைச் சுரப்பவை அவை. அந்தச் சுரப்பி வாய் வழியாக முடி வெளியே வந்தால் அதற்கு டிஸ்டிகியாசிஸ் என்று பெயர். காக்கர் ஸ்பானியல், புல்டாக், கோல்டன் ரிட்ரீவர், ஷிட்ஸு, பெக்கிங்கீஸ் போன்ற இனங்களில் இது மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. முடி விளிம்பில் வராமல், இமையின் உட்புறச் சவ்வைத் துளைத்துக்கொண்டு நேராகக் கண்ணை நோக்கி முளைத்தால் அது எக்டோபிக் சிலியா. இயல்பான இடத்தில் முளைத்த முடியோ மூக்கு மடிப்பின் ரோமமோ கண் பக்கம் திரும்பி உரசினால் டிரைகியாசிஸ். இமையே உள்நோக்கிச் சுருண்டு, வெளித்தோலின் ரோமத்தைக் கண்ணில் தேய்த்தால் என்ட்ரோபியன். நான்கிலும் நாய் கண்ணைச் சிமிட்டும், நீர் வடியும், முகத்தைத் தரையில் தேய்க்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நான்கும் ஒன்றுபோலவே தெரிந்தாலும், சிகிச்சையும் செலவும் நான்கிற்கும் நான்கு விதம்.

பஞ்சுவுக்கு ஒன்றரை வயதிருக்கும்போது ஒரு காலையில் வலது கண்ணைத் திறக்கவே மறுத்தது. பக்கத்திலிருந்த மருத்துவர், புண் உள்ள இடத்தில் பச்சையாக ஒட்டும் ஃபுளோரசீன் சாயத்தை விட்டுப் பார்த்தபோது, கார்னியா எனப்படும் கருவிழிப் படலத்தின் மேற்பகுதியில் நகக் கீறல்போல ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. புண் என்று சொல்லி நுண்ணுயிர்க்கொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார். ஒரு வாரம் சற்றுத் தேவலாம் என்று இருந்தது, பிறகு அதே இடத்தில் அதே கோடு. இரண்டாவது மருந்து, மூன்றாவது மருந்து, கண்ணைத் தேய்க்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு, மறுபடியும் வருகைக் கட்டணம் என்று மாதங்கள் ஓடின. பிறகு வேறொரு மருத்துவர், உணர்விழக்கச் செய்யும் சொட்டு மருந்தை விட்டுவிட்டு, மேலிமையை விரலால் மெல்லப் புரட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் விளக்கைக் காட்டினார். இளஞ்சிவப்புச் சவ்வின் நடுவில் மிளகுத்தூள் சிதறியதுபோல ஒரு கரும்புள்ளி. அதிலிருந்து ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத ஒரு குத்து முடி. இமை ஒவ்வொரு முறை மூடித் திறக்கும்போதும் அது கருவிழியில் கோடு கிழித்துக்கொண்டிருந்திருக்கிறது. எக்டோபிக் சிலியா பெரும்பாலும் மேலிமையின் நடுப்பகுதியில், விளிம்பிலிருந்து சில மில்லிமீட்டர் உள்ளே இருக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

சிக்கலில்லாத மேலோட்டமான கருவிழிப் புண் பொதுவாக ஒரு வாரத்துக்குள் ஆறிவிடும். ஆறவில்லை என்றாலோ, ஆறி மறுபடி அதே இடத்தில் வந்தாலோ, மருந்து போதவில்லை என்பதைவிட, புண்ணை உண்டாக்கும் காரணம் இன்னும் அங்கேயே இருக்கிறது என்று கொள்வதுதான் பொருத்தம். அப்போது நீங்கள் கேட்க வேண்டியது அடுத்த மருந்தின் பெயரை அன்று. இமையைப் புரட்டி உருப்பெருக்கியில் பார்த்தீர்களா, கண்ணீர்ச் சுரப்பு போதுமானதாக இருக்கிறதா என்று கேளுங்கள். கண்ணீரை அளக்க ஒரு சிறு காகிதத் துண்டை இமைக்குள் 1 நிமிடம் வைப்பார்கள். 15 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் போதுமான சுரப்பு. உலர்கண் நோயும் இதே அறிகுறிகளோடு வருவதால், முடியை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டு இதை விட்டுவிடுவதுண்டு. கண் மருத்துவத்தில் தனிப்பயிற்சி பெற்ற மருத்துவரை ஒருமுறை பார்க்கும் கட்டணம் முதலில் மலைப்பாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் அதற்கு முன் நான்கு மாதங்களில் செலவழித்ததைக் கூட்டிப் பார்த்தபோது இந்தக் கட்டணம் சிறியதாகிவிட்டது.

டிஸ்டிகியாசிஸைப் பொறுத்தவரை, மிக மலிவான சிகிச்சை சிகிச்சையே செய்யாமலிருப்பதுதான், அதுவும் பல நாய்களுக்கு அதுவே சரியானதும்கூட. மென்மையான, நீளமான முடிகள் கண்ணீரில் மிதந்து, கண்ணின் வளைவோடு படிந்து கிடக்கும். நாய்க்கு உறுத்தலே இருக்காது. கண் சிவக்கவில்லை, சிமிட்டல் இல்லை, சாயச் சோதனையில் கருவிழி சுத்தமாக இருக்கிறது என்றால், முடி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மயக்க மருந்து கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே உங்கள் மருத்துவரிடம் முதலில் இந்த முடி உண்மையில் தீங்கு செய்கிறதா, அதற்கு என்ன சான்று என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல மருத்துவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தீங்கு செய்கிறதா என்பதில் ஐயமிருந்தால், குறைந்த செலவில் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. மருத்துவமனையிலேயே உணர்விழக்கச் செய்யும் சொட்டு விட்டு, நுனி மழுங்கிய தனி இடுக்கியால் அந்த முடிகளை மட்டும் பிடுங்கச் சொல்லலாம். அமைதியான நாய்க்கு மயக்க மருந்து தேவைப்படாது. அடுத்த இரண்டு, மூன்று வாரங்கள் நாய் நிம்மதியாக இருந்து, சுமார் நான்கு வாரங்களில் முடி மீண்டும் முளைத்ததும் தொல்லை திரும்பினால் குற்றவாளி முடிதான். பிடுங்கிய பிறகும் கண் அப்படியே சிவந்திருந்தால், அறுவைச் சிகிச்சைக்குப் பணம் கட்டுவதற்கு முன் வேறு காரணத்தைத் தேட வேண்டும். இரண்டே முடிகள் உள்ள, வயதான அல்லது மயக்க மருந்து தாங்காத நாய்க்கு, சில வாரங்களுக்கு ஒருமுறை இப்படிப் பிடுங்கிக்கொண்டே காலம் தள்ளுவதும் முறையான ஏற்பாடுதான்.

இதையே வீட்டில் செய்யலாமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதே. நாயின் கருவிழிப் படலத்தின் தடிப்பு அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். உணர்விழக்காத இமையைத் தொட்டவுடன் நாய் தலையைத் திருப்பும், ட்வீசர் முனை எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. வேரோடு வராமல் பாதியில் ஒடிந்த முடி இன்னும் மோசம்; நீளமான முடி வளைந்து கொடுக்கும், ஒடிந்த குச்சி முள்ளாகக் குத்தும். கத்தரிக்கோலால் நறுக்குவதற்கும் இதே கதிதான். வலி தணியும் என்று அந்த உணர்விழக்கும் சொட்டு மருந்தை வீட்டுக்குக் கேட்காதீர்கள். தொடர்ந்து விட்டால் அது கருவிழியின் மேற்புறச் செல்களைச் சிதைத்துப் புண் ஆறுவதையே தடுக்கும். முன்பு எப்போதோ வாங்கிய ஸ்டீராய்டு கலந்த கண் சொட்டு அலமாரியில் இருந்தால் அதையும் தொடாதீர்கள். புண் இருக்கும் கண்ணில் ஸ்டீராய்டு விட்டால் கருவிழி கரைந்து துளை விழும் அளவுக்குப் போகலாம்.

வீட்டில் செய்யத்தக்கது வேறு. மருத்துவர் ஒப்புதலோடு, பதனப்பொருள் சேர்க்காத மனிதர்களுக்கான கண் மசகுச் சொட்டு மருந்தைப் பயன்படுத்தலாம். உறுத்தல் லேசாக இருக்கும் நாய்க்கு இதுவே பல மாதங்களுக்குப் போதுமானதாக இருப்பதுண்டு. தொல்லை மூக்கு மடிப்பு ரோமத்தால் என்றால், அதை வட்ட முனைக் கத்தரிக்கோலால் ஒழுங்காகக் குறைத்து வைப்பதும், பெட்ரோலியம் ஜெல்லியைச் சிறிது தடவி ரோமத்தைக் கண்ணுக்கு எதிர்ப்புறமாகப் படிய வைப்பதும் கிட்டத்தட்டச் செலவேயில்லாத வழிகள்.

நிலையாக அகற்றத்தான் வேண்டும் என்றால், முறைகளைப் பற்றிச் சிறிது தெரிந்துகொண்டு பேசுவது நல்லது. சில முடிகளே இருந்தால் மின்னாற்பகுப்பு போதும். ஒவ்வொரு முடியின் வேர்ப்பைக்குள்ளும் மெல்லிய ஊசியைச் செலுத்தி மின்சாரம் பாய்ச்சுவார்கள். வரிசையாகப் பல முடிகள் இருந்தால் கிரையோ எனப்படும் உறைநிலைச் சிகிச்சை வசதியானது. முடியின் வேர்ப்பை சுமார் மைனஸ் 25 டிகிரி செல்சியஸில் அழியும், சுற்றியுள்ள திசு அந்தக் குளிரைத் தாங்கிக்கொள்ளும் என்ற வேறுபாட்டை வைத்து, இருமுறை உறையவைத்து இருமுறை உருக விடுவார்கள். சில நாட்கள் இமை வீங்கியிருக்கும். விளிம்பின் கருநிறம் வெளுத்து, சில மாதங்களில் பெரும்பாலும் திரும்பும். பஞ்சுவுக்கிருந்த எக்டோபிக் சிலியாவுக்கு, வட்டக் கத்தி ஒன்றால் அந்த முடியை வேரோடும் சுற்றுச் சவ்வோடும் சிறு வட்டமாக வெட்டியெடுத்தார்கள், தையல்கூடப் போடவில்லை. இமை விளிம்பையே பிளந்து ஒரு பட்டையாக வெட்டியெடுக்கும் பழைய முறையை எவராவது குறைந்த கட்டணத்தில் செய்து தருவதாகச் சொன்னால் யோசியுங்கள். தழும்பு சுருங்கி இமை உருக்குலைந்தால் அதைச் சரிசெய்ய மற்றோர் அறுவைச் சிகிச்சை தேவைப்படும், எண்ணெய்ச் சுரப்பிகளும் போய்விடும்.

செலவைக் குறைக்க எனக்கு உதவியவையும், பின்னர் தெரிந்துகொண்டவையும் சில உண்டு. கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் போதனை மருத்துவமனைகளில் பெரும்பாலும் தனியாரைவிடக் கட்டணம் குறைவு; மாணவர்கள் சூழ நின்று பார்ப்பார்கள், நேரமும் அதிகமாகும், ஆனால் உருப்பெருக்கி முதல் உறைநிலைக் கருவி வரை ஒரே இடத்தில் இருக்க வாய்ப்புண்டு. மொத்தச் செலவில் பெரும்பங்கு மயக்க மருந்துக்கும் அதற்கு முந்தைய பரிசோதனைகளுக்கும் போவதால், கருத்தடையோ பல் சுத்தமோ எப்படியும் செய்யவேண்டியிருந்தால் இரண்டையும் ஒரே மயக்கத்தில் முடிக்க முடியுமா என்று கேட்கலாம். ஆனால் கருவிழியில் புண் இருக்கும்போது அதற்காகக் காத்திருக்கக் கூடாது. மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். மறுபரிசோதனையும் கழுத்துக் கூம்பும் அதில் சேர்ந்தவையா, முடி மீண்டும் வந்தால் கட்டணம் எப்படி என்பதையும் கேட்டு வையுங்கள். சிகிச்சை செய்த வேர்ப்பையிலிருந்து முடி வராவிட்டாலும், அன்று உறங்கிக்கிடந்த வேறு வேர்ப்பையிலிருந்து பின்னர் வரக்கூடும் என்பதால் இந்தக் கேள்வி அவசியமானது. முக்கியமாக, அறுவைச் சிகிச்சைக்குச் சில வாரங்களுக்கு முன்பே முடி பிடுங்குவதை நிறுத்திவிட வேண்டும். முடி வெளியே தெரிந்தால்தான் வேர்ப்பை எங்கே என்று தெரியும். சுத்தமாகப் பிடுங்கிக்கொண்டு போனால் பணம் கட்டி மயக்கத்தில் கிடத்திய பிறகு தேடுவதற்கு ஒன்றுமிருக்காது.

சேமிக்கக் கூடாத இடங்களும் உண்டு. முகம் சப்பையான இனங்களுக்கு மயக்க மருந்து சற்று ஆபத்து கூடியது என்பதால் முன்பரிசோதனையைக் கழித்துவிடச் சொல்லாதீர்கள். கழுத்துக் கூம்பைப் பாவம் பார்த்துக் கழற்றாதீர்கள். பஞ்சு ஒருமுறை சோபா விளிம்பில் முகத்தைத் தேய்த்த பத்து விநாடிகளில் ஒரு வார ஆறுதல் போயிற்று. கண் நீலம் பாய்ந்து மங்கினாலோ, மஞ்சள் சீழ் வடிந்தாலோ, கருவிழியில் குழி போலத் தெரிந்தாலோ, கண்ணைத் திறக்கவே மறுத்தாலோ, விலை விசாரிக்கும் நேரம் அதுவன்று. அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அந்த ஒற்றை முடி போன பிறகு, பஞ்சுவின் புண் ஒரு வாரத்தில் ஆறியது. இப்போது அதற்கு ஐந்து வயது. இடது கீழிமை விளிம்பில் டிஸ்டிகியாசிஸ் முடிகள் இரண்டு இருக்கின்றன; ஆண்டுதோறும் தடுப்பூசிக்குப் போகும்போது மருத்துவர் சாயம் விட்டுப் பார்க்கிறார், பச்சை எங்கும் ஒட்டுவதில்லை, ஆகவே அவற்றை இதுவரை யாரும் தொடவில்லை.