மூடியைத் திறந்தால் கருப்புத் திரை: லினக்ஸ் தூக்கம் பற்றிச் சில கேள்விகள்

கடலூர், புதுச்சேரி பக்கத்தில் லினக்ஸ் பயன்படுத்தும் நண்பர்கள் கேட்டவை இவை. பதிலுக்குப் போகும் முன் ஒரு விஷயம். கணினியின் தூக்கத்தில் முக்கியமாக இரண்டு வகை. சஸ்பெண்ட் என்றால் வேலை எல்லாம் ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில் இருக்கும். அதைக் காப்பாற்றக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். ஹைபர்னேட் என்றால் ரேமில் இருப்பதை வட்டில் ரேமுக்குத் துணையாக ஒதுக்கிய ஸ்வாப் என்ற இடத்தில் எழுதிவிட்டுக் கணினி முழுதாக அணைந்துவிடும். எதுவாக இருந்தாலும், கோளாறு தூங்கப் போகும்போதா, எழும்போதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். அது தெரியாமல் இணையத்தில் கிடைத்த கட்டளைகளை எல்லாம் ஓட்டினால் புதுக் கோளாறுதான் சேரும்.

கடலூர் முதுநகர் மாணவி: அண்ணா, காலாப்பட்டில் கல்லூரி முடிந்ததும் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துப் பஸ் ஏறுகிறேன். வீட்டில் எடுத்தால் கொதிக்கிறது, பேட்டரியும் பாதி காலி. லினக்ஸில் உபுண்டு வகைதான் போட்டிருக்கிறேன்.

சிஸ் அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) பவர், அதற்குள் மெம்_ஸ்லீப் என்று ஒரு கோப்பு இருக்கும். அதைத் திறந்து பாரும்மா. எஸ்2ஐடில், டீப் என்று இரண்டு சொற்கள் இருந்தால், சதுர அடைப்புக்குள் இருப்பதுதான் இப்போது நடப்பில் உள்ளது. டீப் என்பது பழைய எஸ்3 தூக்கம். ரேமைத் தவிர ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் மின்சாரம் நின்றுவிடும். எஸ்2ஐடிலில் செயலி ஓய்வில் இருக்குமே தவிர அணையாது. ஏதாவது ஒரு சாதனம் ஓய்வுக்குப் போக மறுத்தால்கூடச் சூடும் செலவும் ஏறிவிடும்.

டீப் பட்டியலில் இருந்தால், ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) நுழைந்து அந்தக் கோப்பில் டீப் என்று எழுதி, ஒருமுறை தூங்கவைத்து எழுப்பிப் பார். ரீபூட் செய்தால் பழையபடி ஆகிவிடும் என்பதால் பயமில்லை. ஒழுங்காக எழுந்தால் மட்டும் கிரப் (லினக்ஸைத் தொடங்கிவைக்கும் நிரல்) அமைப்பில் மெம்_ஸ்லீப்_டீஃபால்ட்=டீப் என்று நிரந்தரமாகச் சேர். எஸ்2ஐடில் மட்டும்தான் இருக்கிறது என்றால் பயாஸை (லினக்ஸ் தொடங்கும் முன்பே இயங்கும் கணினியின் அடிப்படை மென்பொருளை) திறந்து பார். சில திங்க்பேட் மாடல்களில் ஸ்லீப் ஸ்டேட் என்ற இடத்தில் லினக்ஸ் என்று ஒரு தெரிவு உண்டு. அதுவும் இல்லையென்றால் பயாஸைப் புதுப்பித்துப் பார்க்க வேண்டியதுதான். தயாரிப்பாளர் கொடுக்காத எஸ்3-ஐ நாம் வரவழைக்க முடியாது.

இன்னொரு சந்தேகமும் உண்டு. தூங்கிய கணினி பைக்குள் தானே விழித்திருக்கலாம். ப்ராக் அடைவில் ஏசிபிஐ, அதற்குள் வேக்கப் என்ற கோப்பில் யார் யார் எழுப்பலாம் என்ற பட்டியல் இருக்கும். எக்ஸ்எச்சி என்பது யூஎஸ்பி. வயர்லெஸ் மவுஸின் டாங்கிளைச் செருகியபடியே பையில் வைக்கிறாயா? முதலில் அதைக் கழற்றிவிட்டுச் சோதி.

மஞ்சக்குப்பத்தில் டிடிபி கடை வைத்திருப்பவர்: என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினி, சார். தூங்கி எழுந்தால் ஃபேன் ஓடுகிறது, திரை கருப்பு. பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்கிறேன்.

அணைக்கும் முன் கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் விளக்கு எரிந்து அணைந்தால் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) உயிரோடுதான் இருக்கிறது, திரை மட்டும்தான் வரவில்லை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டெர்மினல் (கட்டளை தட்டும் திரை) வரலாம். வேறு சாதனத்திலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் போட்டு வைத்திருந்தால் போனிலிருந்தே உள்ளே போகலாம்.

உங்களுடையது என்விடியாவின் சொந்த டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) என்றால், தூங்கும்போது கார்டின் நினைவகத்தில் இருந்தவை தொலைந்திருக்கும். அந்த டிரைவரில் ப்ரிசர்வ் வீடியோ மெமரி அலொகேஷன்ஸ் என்ற அமைப்பை 1 ஆக்குங்கள். என்விடியா-சஸ்பெண்ட், என்விடியா-ஹைபர்னேட், என்விடியா-ரெசூம் ஆகிய மூன்று சேவைகளும் இயங்கும் நிலையில் உள்ளனவா என்றும் பாருங்கள். கார்டு நினைவகத்தை எழுதிவைக்க டெம்ப் அடைவில் இடம் போதாவிட்டாலும் இதே கருப்புத் திரைதான். அந்தத் தற்காலிகக் கோப்பின் இடத்தை வார் அடைவிலுள்ள டெம்ப்புக்கு மாற்றிவிடலாம்.

கேப்ஸ் லாக்கும் செத்திருந்தால் வேறு வழி. சிஸ், பவர் அடைவில் பிஎம்_டெஸ்ட் என்ற கோப்பு பல கெர்னல்களில் உண்டு. அதில் ஃப்ரீசர், டிவைசஸ், பிளாட்ஃபார்ம், பிராசசர்ஸ், கோர் என்று ஒவ்வொன்றாக எழுதிச் சஸ்பெண்ட் செய்யுங்கள். கணினி அந்தப் படிவரை மட்டும் போய், 5 விநாடி நின்று, தானே திரும்பும். எந்தப் படியில் திரும்பவில்லையோ அங்கேதான் சிக்கல். டிவைசஸில் நின்றால் டிரைவர், பிளாட்ஃபார்மில் நின்றால் பெரும்பாலும் பயாஸ். முடிந்ததும் நன் என்று எழுதிவைக்க மறக்காதீர்கள். இவ்வளவு அருமையான கருவி கெர்னலுக்குள்ளேயே இருந்தும் பலருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

சிதம்பரம் ஆசிரியை: பள்ளி லேபில் சில கணினிகள் தூங்கவே மறுக்கின்றன. திரை அணைந்து, கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்துவிடுகிறது.

கெர்னல் பதிவைப் பாருங்கள், மேடம். 20 விநாடிக்குள் பணிகளை உறையவைக்க முடியவில்லை என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதன் கீழேயே குற்றவாளியின் பெயரும் இருக்கும். லேப் என்பதால் சர்வரிலுள்ள பொதுக் கோப்புறையை என்எஃப்எஸ் மூலம் இணைத்திருப்பீர்கள். சர்வர் பதில் சொல்லாதபோது அதற்காகக் காத்திருக்கும் நிரலை உறையவைக்க முடியாது. தூங்கும் முன் அந்த இணைப்பை அவிழ்த்துவிட்டுப் பாருங்கள்.

வில்லியனூர் கணக்கர்: ஃபெஞ்சல் புயல் மாதிரி நேரத்தில் கரண்ட் போனால் யூபிஎஸ் சில நிமிடம்தான் தாங்குகிறது. ஹைபர்னேட் செய்தால் அணைகிறது. ஆனால் மறுபடி போட்டால் எல்லாம் மூடிப் புதிதாகத் தொடங்குகிறது.

ஹைபர்னேட்டின் உண்மையான பயன் உங்களைப் போன்றவர்களுக்குத்தான், ஐயா. கரண்ட் போனால் சஸ்பெண்ட் தாங்காது, ஹைபர்னேட் தாங்கும். அதனால் இதைச் சரிசெய்தே ஆக வேண்டும்.

எழுதி வைத்தது வட்டில் இருக்கிறது. ஆனால் எங்கே இருக்கிறது என்று தொடங்கும் கெர்னலுக்கு யாரும் சொல்லவில்லை. ஸ்வாப் தனிப் பார்டிஷன் (வட்டின் ஒரு பிரிவு) என்றால், கிரப் அமைப்பிலுள்ள கெர்னல் வரியில் ரெசூம்= என்று போட்டு அதன் யூயூஐடியை, அதாவது தனி அடையாள எண்ணைக் கொடுங்கள். ஸ்வாப் கோப்பு என்றால், அந்தக் கோப்பு இருக்கும் பார்டிஷனின் யூயூஐடியோடு, கோப்பு எங்கே தொடங்குகிறது என்று காட்டும் ரெசூம்_ஆஃப்செட் எண்ணும் வேண்டும். இஎக்ஸ்டி4 கோப்பமைப்பில் ஃபைல்ஃப்ராக் கட்டளை காட்டும் முதல் வரிசையின் ஃபிசிக்கல் ஆஃப்செட்தான் அந்த எண். பிடிஆர்எஃப்எஸ் கோப்பமைப்பில் இந்த வழி தவறான எண்ணைத் தரும். அதற்கென்று மேப்-ஸ்வாப்ஃபைல் என்ற துணைக் கட்டளை இருக்கிறது. ஸ்வாப் கோப்பை அழித்து மறுபடி உருவாக்கினால் எண்ணும் மாறிவிடும். கடைசியில், தொடக்கத்தில் கெர்னலோடு ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் கிரப்பையும் புதுப்பியுங்கள்.

அளவையும் பாருங்கள். ரேம் அளவுக்கு ஸ்வாப் இருந்தால் நிம்மதி. ஸீராம் என்பது ரேமுக்குள்ளேயே இருக்கும் ஸ்வாப். ஹைபர்னேட்டுக்கு அது உதவாது. எல்லாம் முடிந்தபின், வெயில் அடிக்கும் ஒரு நாளில், முக்கியமில்லாத கோப்புகளைத் திறந்துவைத்துச் சோதியுங்கள். புயல் அன்றைக்கு முதல் சோதனை வேண்டாம்.

லாஸ்பேட்டை வாசகர்: எனக்கு மெனுவில் ஹைபர்னேட்டே இல்லையே?

உபுண்டு அதை இயல்பாகக் காட்டாது. டெர்மினலிலும் மறுத்தால் செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) காரணமாக இருக்கலாம். அது இயங்கும்போது பல விநியோகங்களில் கெர்னலின் லாக்டவுன் என்ற கட்டுப்பாடு ஹைபர்னேட்டைத் தடுத்துவிடும். செக்யூர் பூட்டை அணைத்தால் கிடைக்கும். ஆனால் ஒரு பாதுகாப்பை இழக்கிறீர்கள். அலுவலகக் கணினி என்றால் அணைக்க வேண்டாம் என்பேன்.

பண்ருட்டி வாசகர்: லினக்ஸை ஹைபர்னேட் செய்துவிட்டு இடையில் விண்டோஸில் வேலை பார்க்கலாமா?

பார்க்கலாம். ஆனால் இரண்டும் பகிரும் பார்டிஷனைத் தொடவே கூடாது. அந்த வட்டு எப்படி இருந்தது என்ற பழைய நினைவோடுதான் லினக்ஸ் எழும். இடையில் விண்டோஸ் அதில் எழுதியிருந்தால் கோப்பமைப்பே சிதைந்துவிடும், குடும்பப் படங்கள் எல்லாம் போய்விடும். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் பாதி ஹைபர்னேட்தான், அதையும் அணைத்துவையுங்கள். தயவுசெய்து இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம்.

நெய்வேலி தம்பி: எழுந்தபின் வைஃபை வரவில்லை, அண்ணா.

மாட்ப்ரோப் கட்டளையால் வைஃபை டிரைவரைக் கழற்றி, மறுபடி ஏற்றிப் பாருப்பா. வந்துவிட்டால், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சிஸ்டம்-ஸ்லீப் அடைவில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வை. தூங்கும் முன் ப்ரீ என்றும் எழுந்தபின் போஸ்ட் என்றும் அதற்குச் சொல்லப்படும். ப்ரீயில் கழற்று, போஸ்டில் ஏற்று.