ஒளிப்படம்: வாசகர் கேள்வி – பதில்
இம்முறை: கம்பியில்லாமல் ஃப்ளாஷை இயக்குதல்

கேள்வி: திருமண மண்டபத்தில் மேடைக்கு இடப்பக்கம் ஸ்டாண்டில் குடையோடு ஒரு ஃப்ளாஷை நிறுத்தி, அதை எஸ்1 ஸ்லேவ் முறையில் (மற்றொரு ஃப்ளாஷின் மின்னலைக் கண்டு தானும் மின்னும் முறை) வைக்கிறேன். கேமராவின் மேலுள்ள ஃப்ளாஷ் டிடிஎல்லில் (ஒளியளவைக் கேமராவே கணித்துக்கொள்ளும் முறை) இருக்கிறது. ஸ்டாண்டில் உள்ளது ஒவ்வொரு முறையும் மின்னுவதைக் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் படத்தில் அதன் வெளிச்சம் துளியும் இல்லை. ஃப்ளாஷை மாற்ற வேண்டுமா?
— வாசகர், மன்னார்குடி

பதில்: மாற்ற வேண்டாம், அது சொன்னபடிதான் வேலை செய்கிறது. எஸ்1 முறையில் இருக்கும் ஃப்ளாஷ், தன் கண்ணில் படும் முதல் மின்னலுக்கே வெடித்துவிடும். டிடிஎல்லில் இருக்கும் ஃப்ளாஷோ, ஷட்டர் திறப்பதற்கு முன்பே மெல்லிய மின்னல் ஒன்றை அனுப்பி, அது திரும்பி வரும் அளவைக் கேமரா கணித்த பிறகுதான் உண்மையான மின்னலைத் தருகிறது. உங்கள் ஸ்லேவ் அந்த முன்மின்னலைக் கண்டதும் தன் ஒளியைச் செலவழித்துவிடுவதால், ஷட்டர் திறக்கும் நேரத்தில் அதனிடம் கொடுப்பதற்கு எதுவும் இருப்பதில்லை. இரண்டு மின்னல்களுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால் நமக்கு அவை ஒன்றாகவே தெரிகின்றன.

கேமராவின் மேலுள்ள ஃப்ளாஷை மேனுவலுக்கு (ஒளியளவை நாமே குறிக்கும் முறை) மாற்றி, முழுத் திறனில் 1/16 அல்லது 1/32 அளவில் வையுங்கள், முன்மின்னல் நின்றுவிடும். டிடிஎல்லை விட மனமில்லையென்றால், முன்மின்னலைக் கணக்கில் எடுக்காமல் விடும் எஸ்2 முறைக்கு ஸ்லேவை மாற்றலாம். ஆனால் செங்கண் தடுப்பு வசதியைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். அது கூடுதலாக விடும் மின்னல்கள் எஸ்2வையும் குழப்பும்.

இவ்வளவு செய்தாலும், மண்டபத்துக்கு ஒளியை நம்பிய ஸ்லேவை நான் பரிந்துரைக்க மாட்டேன். யாருடைய மின்னல் என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது. தாலி கட்டும் நேரத்தில் பெண் வீட்டார் அமர்த்தியவர், மாப்பிள்ளை வீட்டார் அமர்த்தியவர், கேமராவோடு வந்த உறவினர் என எல்லாரும் ஒரே சமயத்தில் எடுக்கும்போது அவர்கள் அனைவருக்கும் உங்கள் ஃப்ளாஷ் ஒளி கொடுத்துக்கொண்டிருக்கும். நீங்கள் அழுத்தும்போது அது மறுபடி மின்னேறிக்கொண்டிருக்கும். கட்டளைகளைச் சங்கேத மின்னல்களாக அனுப்பும் நிறுவன முறைகள், உதாரணமாக நிக்கான் 2003இல் கொண்டுவந்த ஒளிவழி முறை, இந்த ஏமாற்றத்திலிருந்து தப்பும். ஆயினும் தூணுக்குப் பின்னால் வைத்தாலோ, நண்பகல் வெயிலில் வைத்தாலோ அவையும் கைவிட்டுவிடும். கேனான் 2012இல் 600இஎக்ஸ்-ஆர்டியிலும், நிக்கான் 2016இல் எஸ்பி-5000இலும் ரேடியோவை ஃப்ளாஷுக்குள்ளேயே வைத்ததற்கு இந்தக் குறைகளே காரணம். வீட்டிலோ ஸ்டூடியோவிலோ தனியாகப் பொருட்களைப் படமெடுப்பவருக்கு மட்டும் ஒளிவழி ஸ்லேவ் தாராளமாகப் போதும்.

கேள்வி: கோடாக்ஸ் நிறுவனத்தின் ரேடியோ ட்ரிகர் (கேமராவின் மேல் பொருத்தி, ரேடியோ அலையால் ஃப்ளாஷை இயக்கும் கருவி) வைத்திருக்கிறேன். பக்கத்து அணியினர் படமெடுத்தாலும் என் ஃப்ளாஷ் மின்னுகிறது. அதோடு, ஃப்ளாஷைக் கையிலேயே பிடித்துக்கொண்டு எடுக்கும்போது சில நேரம் அது மின்னுவதில்லை.
— வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அவர்களிடமும் அதே நிறுவன ட்ரிகர், அதே சேனலில் இருக்கிறது. இந்தக் கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் 32 சேனல்கள் கொண்டவை. வாங்கிய நாளில் இருந்த சேனலிலேயே பலர் ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள். சேனலை மாற்றுவதோடு நிற்காமல், 1 முதல் 99 வரை உள்ள வயர்லெஸ் ஐடி எண்ணையும் ட்ரிகரிலும் ஃப்ளாஷிலும் ஒன்றுபோல வையுங்கள். இரண்டும் பொருந்தினால்தான் ஃப்ளாஷ் கீழ்ப்படியும் என்பதால், அடுத்தவர் தற்செயலாக உங்கள் சேனலுக்கு வந்தாலும் தொல்லை இருக்காது.

கையில் பிடிக்கும்போது வரும் சிக்கலுக்குக் காரணம், சிக்னல் பலவீனமல்ல. மிக அருகில் அது அளவுக்கு மீறி வலுவாக இருப்பதே. ட்ரிகரின் சி.எஃப்.என் (நமக்கேற்ப மாற்றிக்கொள்ளும் அமைப்புகள்) பட்டியலில் தூரம் என்ற அமைப்பு 1–100 மீட்டர் என்றிருக்கும்; அதை 0–30 மீட்டராக மாற்றுங்கள். மண்டபத்துக்குள் 30 மீட்டருக்கு மேல் யாருக்கும் தேவைப்படாது. கூட்டம் நிறைந்த பிறகு மட்டும் தூரத்து ஃப்ளாஷ் தவறினால், அதைத் தலைகளுக்கு மேல் உயர்த்துங்கள். நீர் நிறைந்த மனித உடல் இந்த அலைவரிசையை உறிஞ்சிக்கொள்ளும்.

கேள்வி: ட்ரிகர் போட்டு எடுத்த சில படங்களில் ஓரமாக ஒரு கறுப்புப் பட்டை விழுகிறது. ஷட்டர் வேகம் 1/400.
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: 1/200க்கு இறங்குங்கள், பட்டை போய்விடும். கேமராவின் ஷட்டரில் இரண்டு திரைகள் உண்டு. முதலாவது முழுவதும் திறந்து, இரண்டாவது மூடத் தொடங்காமல் இருக்கும் அந்தக் கணத்தில்தான் ஃப்ளாஷ் ஒளி சென்சார் முழுவதிலும் விழும். இதற்கு மேல்வரம்பு பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250. மலிவான ட்ரிகர்கள் சிறிது தாமதிப்பதால், 1/160 இன்னும் பாதுகாப்பு. ஹெச்எஸ்எஸ் (உயர்வேக ஒத்திசைவு) முறையில் ஃப்ளாஷ் துடிதுடித்து நீண்ட ஒளியாக மாறும் என்பதால் வேக வரம்பைத் தாண்டலாம். அதற்கு விலையாக ஒளியின் பெரும்பகுதி வீணாகும், பேட்டரியும் சீக்கிரம் தீரும். நண்பகலில் எஃப்/2.8 என்ற அகன்ற லென்ஸ் துளையில் முகப்படம் எடுப்பவருக்கு அது தேவை, மண்டபத்தில் எடுப்பவருக்குத் தேவையில்லை.

கேள்வி: நண்பரின் கேமராவில் வேலை செய்யும் சாதாரண ட்ரிகர், என் கேனான் 200டி மார்க் IIஇல் அசைவதே இல்லை.
— வாசகர், தூத்துக்குடி

பதில்: உங்கள் கேமராவின் மேல் ஃப்ளாஷ் பொருத்தும் இடமான ஹாட் ஷூவின் நடுவே பாருங்கள், மற்ற கேமராக்களில் இருக்கும் வட்டமான உலோகப் புள்ளி உங்களுடையதில் இல்லை. சாதாரண ட்ரிகர்கள் அந்த ஒரு புள்ளியை நம்பியே இயங்குபவை. கேனானுக்கென்றே செய்யப்பட்ட டிடிஎல் ட்ரிகர் ஒன்றை, உங்கள் மாடல் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஃபிலிம் காலத்து ஃப்ளாஷ் ஒன்று வீட்டில் இருக்கிறது. ரேடியோ ரிசீவரில் (ட்ரிகரின் சிக்னலைப் பெற்று ஃப்ளாஷை இயக்கும் கருவி) பொருத்தலாமா?
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அளந்து பார்க்காமல் பொருத்தாதீர்கள். பழைய ஃப்ளாஷ்கள் சிலவற்றின் ட்ரிகர் மின்னழுத்தம் (ஃப்ளாஷின் தொடுபுள்ளியில் இருக்கும் மின்னழுத்தம்) 200 வோல்ட்டையும் தாண்டும். இன்றைய கேமராவும் ரிசீவரும் அதைத் தாங்குமாறு செய்யப்படவில்லை. ஃப்ளாஷை இயக்கித் தயார் விளக்கு எரிந்த பின், அடிப்பக்கத்தின் நடுப்புள்ளிக்கும் பக்கவாட்டு உலோகத்துக்கும் இடையே மல்டிமீட்டரின் டிசி அளவில் பாருங்கள். 6 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. அதற்கு மேலென்றால் ரிசீவரின் கையேட்டில் உள்ள வரம்போடு ஒப்பிடுங்கள். எப்படியிருந்தாலும் உறையை மட்டும் கழற்ற வேண்டாம்: உள்ளே இருக்கும் மின்தேக்கி, பேட்டரியை எடுத்த பிறகும் ஏறத்தாழ 300 வோல்ட்டைச் சேமித்து வைத்திருக்கும்.